சிவப்புக் கரை வைத்த கம்பெனித் துணி

கீரையோ கத்தரிக்காய்க் குழம்போ, எதைப் பிசைந்து சாப்பிட்டாலும் கடைசி வாயில் பல்லுக்கடியில் ஏதோ ஒன்று நறநறவென்று அரைபடும். கல் இல்லை, அரிசியை அம்மா நாலு தடவை புடைத்துவிட்டுத்தான் உலையில் போடுவாள். அது காற்றோடு வந்து விழுந்த மாவு. அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலைப் புகைபோக்கிக்கு எதிரில் வளர்ந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். கொடியில் காயும் பாவாடை, குடத்து மூடி, முருங்கை இலை, படுத்திருக்கும் நாயின் முதுகு என்று எல்லாவற்றின்மேலும் அது மெல்லிசாகப் படிந்திருக்கும். எங்கள் தெருவில் அதற்குக் "கம்பெனி மாவு" என்று பெயர், யாரும் அதைக் குறையாகச் சொன்னதும் இல்லை. சோறு போடுகிற கம்பெனி கொஞ்சம் மாவும் போடுகிறது என்பதுபோல் துடைத்துவிட்டுப் போவோம்.

எனக்கு ஒரு இடத்தில் உட்காரத் தெரியாது. பெரம்பலூரில் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சராக இருக்கிறேன். எங்கள் டீச்சருக்கு நாற்காலி எதற்கு என்று பிள்ளைகளே கேலி செய்கிறார்கள். பக்கத்தில் யாராவது கொஞ்சம் சத்தமாக மூச்சு விட்டால் போதும், பேசிக்கொண்டிருந்த பேச்சை அப்படியே விட்டுவிட்டு அவர்கள் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று அம்மா சொல்லுவாள். பிறக்கும்போது ஒரு சக்கரமும் இல்லை. அது பதினோரு வயதில் வந்து ஏறிக்கொண்டது, அதற்குக் காரணம் ஒரு துணி.

அப்பாவுக்கு ஆலையில் கான்ட்ராக்ட் வேலை. வருஷத்தில் சில நாள் சூளையை நிறுத்திப் பழுது பார்ப்பார்கள். அதை ஊரில் "ஷட்டவுன்" என்பார்கள், தீபாவளிக்கு அடுத்தபடி நாங்கள் எதிர்பார்க்கிற நாள் அதுதான். தூசியை வடிகட்டுகிற எந்திரத்துக்குள் இரண்டு ஆள் உயரத்துக்கு, குழாய்போலத் தைத்த தடித்த துணிகள் வரிசை வரிசையாகத் தொங்குமாம். ஷட்டவுனில் பழையதைக் கழற்றிப் புதியது மாட்டுவார்கள். கழற்றியது மதில் ஓரம் குவிந்து கிடக்கும், வேண்டியவர்கள் எடுத்துப் போவார்கள், கேட்டில் இருப்பவர் கண்டும் காணாமல் இருப்பார். "இது மெஷினோட மூக்குல மாட்டுற துணிடி. புகையில வர்ற மாவையெல்லாம் இதுதான் புடிச்சு வெச்சுக்கும்" என்று அப்பா பெருமையாகச் சொல்லுவார். கம்பளி மாதிரி மெத்தென்று இருக்கும். அம்மா அதை அரிவாள்மனையில் நீளவாக்கில் கிழித்து, இரண்டை ஒன்றாகச் சேர்த்துக் கோணி ஊசியால் தைத்து, கிழிந்த சிவப்புச் சேலையை வெட்டி நாலு பக்கமும் கரை வைத்தாள். கடை மெத்தை தோற்றது போங்கள். எங்கள் தெருவில் "கம்பெனித் துணி" இல்லாத வீடு கிடையாது. ஆட்டுக்குட்டிக்குப் போர்த்துவதும் அதுதான், விருந்தாளிக்கு விரிப்பதும் அதுதான். எங்கள் வீட்டில் அதில் படுத்தவள் என் தங்கை தேவகி. ஆறு வயது, நோஞ்சான். பனி தாங்காது என்று நல்ல துணியை அவளுக்குக் கொடுத்தோம்.

அந்தத் துணியைத் துவைக்க முடியாது என்பதுதான் இதில் பெரிய விஷயம். எதிர்வீட்டு அஞ்சலை சின்னம்மா ஒரு தடவை கை சும்மா இருக்க மாட்டாமல் தன் வீட்டுத் துணியைச் சுண்ணாம்புக்கல் வெட்டின குட்டையில் முக்கி எடுத்துக் காயப்போட்டது. மறுநாள் பார்த்தால் ஓட்டுத் தகடு மாதிரி விறைத்துப்போய்க் கிடக்கிறது. உள்ளே இருப்பது சிமெண்ட் அல்லவா, தண்ணீர் பட்டதும் இறுகிவிட்டது. கடைசியில் சின்னம்மா அதைக் கோழிக்கூண்டுக்குக் கதவாக வைத்தது. அன்றிலிருந்து தெருவுக்கே சட்டம், கம்பெனித் துணிக்குத் தண்ணி காட்டக்கூடாது. அடித்துத்தான் சுத்தம் பண்ண வேண்டும். எங்கள் வீட்டில் அடிக்கிற வேலை என்னுடையது. சனிக்கிழமை மத்தியானம் வேப்பங்கிளையில் துணியைத் தொங்கவிட்டு, விளாறு ஒடித்துக்கொண்டு விளாசுவேன். "தொப்"பென்று ஒவ்வோர் அடிக்கும் மாவு புகைபோல எழும். துணி ஆடாமல் இருக்கக் கீழ்முனையை இழுத்துப் பிடித்துக்கொண்டு தேவகி நிற்பாள், ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே. இமையெல்லாம் வெளுத்துப்போய், நரைத்த கிழவி மாதிரி என்னைப் பார்த்துச் சிரிப்பாள். நானும் சிரிப்பேன். சொல்லவே கூசுகிறது, அந்த வயதில் எனக்கு அதைவிடப் பிடித்த விளையாட்டு வேறு இல்லை.

அவளுக்கு "இளைப்பு" இருந்தது. காலையில் எழுந்ததும் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி உட்கார்ந்திருப்பதுபோல் ஒரு சத்தம். தயிரால் வந்தது என்று தயிரை நிறுத்தினார்கள், பிறகு வாழைப்பழத்தை, பிறகு தலைக்குக் குளிப்பதை. கல்லங்குறிச்சிப் பெருமாளுக்கு நெல் கொண்டுவந்து கொட்டுகிறேன் என்று அம்மா வேண்டிக்கொண்டாள். டவுன் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்த சிஸ்டர், வீட்டில் தூசி இருக்கிறதா என்று கேட்டார். அம்மாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. தினம் இரண்டு வேளை பெருக்கி, வாசலுக்குச் சாணி தெளிக்கிற வீடு என்றாள். அப்படியென்றால் படுக்கையைத் தினமும் வெயிலில் போட்டு நன்றாக உதறுங்கள் என்றார் சிஸ்டர். அவர் சொன்னதில் தப்பே இல்லை. உலகத்தில் மற்ற எந்த வீட்டுக்கும் அது நல்ல யோசனைதான். நாங்கள் அதை அப்படியே கேட்டோம். வாரம் ஒருமுறை அடித்த துணியைத் தினமும் அடித்தேன்.

பத்து நாளில் அவள் படி ஏறினாலே மூச்சு வாங்க ஆரம்பித்தது. இன்னும் நன்றாக அடி என்றாள் அம்மா. அடித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, உச்சி வெயில், பதினேழு வரைக்கும் எண்ணிய தேவகி பதினெட்டு சொல்லவில்லை. விளையாடுகிறாள் என்று நினைத்து இன்னும் இரண்டு அடி போட்டேன். மாவு அடங்கியதும் பார்த்தால் துணியின் முனையைப் பிடித்தபடியே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறாள், உதடு நீலம் பூத்திருக்கிறது, கழுத்துக்குழி உள்ளே போய்ப் போய் வருகிறது. அப்பா அவளைச் சைக்கிளில் முன்னால் வைத்துக் கட்டிக்கொண்டு மிதித்தார். சுண்ணாம்புக்கல் லாரிகள் வழியெல்லாம் வரிசை பிடித்து நின்றன. நான் பின்னாலேயே ஓடினேன். எவ்வளவு தூரம் ஓடினேன் என்று இன்றைக்கும் தெரியாது, செருப்பு எங்கே விழுந்தது என்றும் தெரியாது.

ஆஸ்பத்திரியில் முகமூடி வைத்துப் புகைமருந்து கொடுத்தார்கள். நாலு நாளில் தேவகி கட்டிலில் உட்கார்ந்து கதை பேசினாள், பூனைக்குட்டிச் சத்தம் போன இடம் தெரியவில்லை. அங்கே தூசி இல்லை என்றோ, நம் வீட்டில் என்ன இருக்கிறது என்றோ எங்களுக்கு யோசனை ஓடவில்லை. ஐந்தாம் நாள் பிள்ளைக்கு முதுகு உறுத்துகிறது என்று அம்மா போய் வீட்டிலிருந்து கம்பெனித் துணியைச் சுருட்டி எடுத்துவந்து கட்டிலில் விரித்தாள். மத்தியானத்துக்குள் பூனைக்குட்டி திரும்பி வந்துவிட்டது.

ஊசி போட வந்த அதே சிஸ்டர் கட்டிலில் கையை ஊன்றினார். எடுத்த உள்ளங்கை சாம்பலாக இருந்தது. விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, இது என்ன துணி என்று கேட்டார். அம்மா, இன்னும் பெருமை குறையாமல், ஆலையில் தூசி பிடிக்கிற துணி, குளிருக்கு இதமாக இருக்கும் என்று விளக்கினாள். சிஸ்டர் துணியை ஒரு தட்டுத் தட்டினார். சன்னல் வெயிலில் அந்த மாவு எழுந்து நின்றது.

"இதுலயாம்மா இந்தப் புள்ள தெனம் படுக்குது?"

அம்மா துணியின் கரையைப் பிடித்துச் சுருட்ட ஆரம்பித்தாள். தேவகிதான் சொன்னாள், "அக்கா தெனம் அடிச்சு சுத்தம் பண்ணிடும் சிஸ்டர். நான்தான் புடிச்சுக்குவேன்." எனக்காகப் பரிந்து பேசுகிறாளாம். நான் வராந்தாவுக்கு ஓடிப்போய் நின்றேன். உள்ளே நிற்க முடியவில்லை, வெளியேயும் நிற்க முடியவில்லை. அன்று ஆரம்பித்த நடைதான் இது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா துணியைச் சுருட்டித் தெருக்கோடிக் குப்பைக்குழியில் வீசினாள். அப்பா அந்தப் பக்கமே திரும்பாமல் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆசையாகக் கொண்டுவந்தவர் அவர்தானே. அம்மா என் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துப்போனாள். "யாருகிட்டயும் சொல்லிடாத. பெத்தவங்களே புள்ளைக்கு வெஷத்த விரிச்சாங்கன்னு ஊரு பேசும்" என்றாள். தலையை ஆட்டினேன்.

இரண்டாம் நாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அஞ்சலை சின்னம்மா வீட்டு வாசலில் "தொப், தொப்" என்று சத்தம். சின்னம்மாவின் மருமகளுக்குப் பிள்ளை பிறந்து இருபது நாள்கூட ஆகவில்லை, அந்த வெள்ளைப் புகைக்குள் சிவப்புக் கரை ஆடியது. இவ்வளவு நல்ல துணியைப் போய் யாராவது எறிவார்களா, உங்க அம்மாவுக்கு மனசு ரொம்பத் தாராளம் என்று சின்னம்மா சிரித்தது. பிள்ளைக்கு மெத்தைபோல இருக்கும் என்றது. நான் வாயைத் திறந்தேன். ஆனால் அம்மா எங்கள் வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுப்பாடம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஓடிவந்துவிட்டேன்.

தேவகி பிழைத்துக்கொண்டாள். நல்லபடியாக வளர்ந்தாள், திருச்சியில் வாக்கப்பட்டு இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறாள், பையில் மூச்சு வாங்கினால் வாயில் அடித்துக்கொள்ள ஒரு மருந்துப் "பம்பு" வைத்திருக்கிறாள், எப்போதாவதுதான் எடுப்பாள். அஞ்சலை சின்னம்மாவின் குடும்பம் பிழைப்புத் தேடி ஊரைவிட்டுப் போனது, நான் நிம்மதியானேன். ஆமாம், நிம்மதியானேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். அந்தப் பிள்ளையைத் தினமும் பார்க்க வேண்டாம் அல்லவா.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சிறுவாச்சூர் கோயிலுக்குப் போயிருந்தேன். தேங்காய், கற்பூரம் விற்கிற கடையில் ஒரு பையன், பையன் என்ன, கல்யாணமான ஆள், எந்த ஊர், எந்தத் தெரு என்று விசாரித்து, அப்பா பெயரைச் சொன்னதும், நீங்க அப்பாவோட சைக்கிளுக்குப் பின்னாலேயே ஓடின அக்காதானே, எங்க ஆயா சொல்லும் என்றான். அஞ்சலை சின்னம்மாவின் பேரன், பிரபு. சின்னம்மா தவறிப்போய் நாலு வருஷமாம். பேசும்போதே இரண்டு தடவை நிறுத்தி மூச்சு வாங்கினான். சட்டைப் பையில் நீலப் பம்பு. சின்ன வயதிலிருந்தே இருக்கிறது, பழகிவிட்டது என்று சாதாரணமாகச் சொன்னான். அவனுடைய பாப்பாவுக்கும் இப்போது லேசாக இளைக்கிறதாம். பாப்பா எதில் படுக்கிறாள் என்று கேட்டேன். என்ன கேள்வி இது என்பதுபோல் சிரித்தான்.

"நான் படுத்த துணியிலதான்க்கா. செவப்புக் கரை போட்டது. உங்க வூட்டுத் துணின்னு ஆயா எப்பவும் சொல்லும்."

நான் டாக்டர் இல்லை. அவன் இளைப்புக்கு அந்தத் துணிதான் காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஊரே மாவைத் தின்று வளர்ந்தது. எனக்குத் தெரிந்த ஒன்றை நான் சொல்லாமல் இருந்தேன், அது மட்டும் நிச்சயம். சாமி கும்பிடவில்லை. கடையைப் பூட்டச் சொல்லி, பின்னால் இருந்த அவன் வீட்டுக்குப் போய், தூங்கிக்கொண்டிருந்த குழந்தையை அவன் மனைவி கையில் எடுத்துக்கொடுத்துவிட்டு, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பிரபு கோபப்படுவான் என்று நினைத்தேன். "அப்பவே சொல்லியிருக்கலாம்லக்கா" என்றான், அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

துணியை நான் எடுத்துவந்துவிட்டேன். எங்கள் ஊரில் இப்போது அந்த வேப்பமரம் இல்லை, குப்பைக்குழி மேல் வீடு வந்துவிட்டது, பழைய துணியெல்லாம் ஆலைக் கேட்டைத் தாண்டுவதில்லையாம். முருங்கை இலைகூட முன்னைவிடப் பச்சையாக இருப்பதுபோல் தெரிகிறது. இந்த ஒன்றுதான் மிச்சம், இதைத்தான் எங்கே போடுவது என்று தெரியவில்லை. எரித்தால் புகை. புதைத்தால் நாளைக்கே எவராவது தோண்டுவார். பெரம்பலூரில் நான் இருக்கிற தெருவுக்குக் காலையில் குப்பை வண்டி வரும். மக்கும் குப்பை ஒரு தொட்டி, மக்காத குப்பை ஒரு தொட்டி. இது எதில் என்று கேட்டுக்கொண்டு போனேன். வண்டியோடு வந்த அம்மாள் பையைப் பிரித்து, கரையைத் தடவி, இரண்டு விரலால் கனம் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"நல்ல துணியா இருக்கேம்மா. பேத்திக்கு ஆகும். நான் எடுத்துக்கட்டுமா?"

அவர் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கிவிட்டேன். பாவம், பயந்துபோனார். நடுத்தெருவில் வண்டியை நிறுத்தி வைத்து முழுக் கதையையும் சொல்லி முடித்தேன், பள்ளிக்கூடத்தில் முதல் மணி அடிக்கிற நேரம் தாண்டிவிட்டது. எல்லாம் கேட்டுவிட்டு, அப்படியென்றால் இதை எங்கேதான் போடுவது என்று அவர் என்னைக் கேட்டார். இரண்டு பைக்குள் போட்டு இறுக்கிக் கட்டி இப்போதைக்கு மாடியில் வைத்திருக்கிறேன். இதை எழுதி முடிப்பதற்குள் நாலு தடவை எழுந்துபோய் முடிச்சைப் பார்த்துவிட்டு வந்தேன்.