ஆடாத இடத்தில் ஆடும் லென்ஸ்

என் வீட்டுக்காரர் வெள்ளியங்கிரிக்குக் கை ஆடும். இன்று நேற்றல்ல, பெண் பார்க்க வந்த அன்றே காப்பி பாதி சட்டையில்தான் போனது. அப்படிப்பட்ட மனுசன் ஒரு மளிகைக் கடை வைத்திருக்கலாம் அல்லவா? புதுச்சத்திரத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்தார்.

கல்யாணம், காதுகுத்து எல்லாம் எப்படியோ ஓடியது. பத்துப் படம் எடுத்தால் இரண்டு தேறும். லாரி முதலாளி அருணகிரியிடம்தான் மாட்டிக்கொண்டார். நாமக்கல் பட்டறையில் பாடி கட்டி முடித்த புது லாரி கிளம்பும்போது, சக்கரம் எலுமிச்சம்பழத்தை நசுக்குகிற அந்த நொடி அவருக்குப் படமாக வேண்டும். ஒரே வாய்ப்புதான். கிளம்பின வண்டியைப் பின்னால் எடுக்கச் சொன்னால் அடிக்க வந்துவிடுவார். போன இரண்டு லாரிக்கும் எலுமிச்சை இருந்த இடத்தில் மஞ்சளாக ஒரு புகைதான் இருந்தது. “இந்தத் தடவையும் கலங்குச்சுன்னா வேற ஆளப் பாத்துக்கறனுங்க” என்று சொல்லிவிட்டார். இவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

சேலம் போய், கையாட்டத்தை அடக்கும் ஸ்டெபிலைசர் வைத்த பழைய லென்ஸ் ஒன்று வாங்கினோம். வீட்டில் ஃபிரிட்ஜுக்கு ஒன்று, இவருக்கு ஒன்று. கடைக்காரர் நிதானமாகச் சொன்னார்: “உங்க கையத்தான் இது அடக்கும், ஓடுற வண்டிய நிறுத்தாது. அதுக்கு கேமராவுல ஷட்டர் வேகத்தக் கூட்டி வெச்சு எடுங்க. மூணு கால் ஸ்டாண்டுல மாட்டுனா லென்ஸுல இருக்கற இந்தச் சுவிட்ச அணைச்சிருங்க. ஆட்டமே இல்லைன்னா இந்தப் பழைய லென்ஸு தானா ஆட ஆரம்பிச்சிரும்.” இவர் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினார். காதில் வாங்கியது நான்தான்.

வீட்டுக்கு வந்து கையில் பிடித்தே எடுத்துப் பார்த்தார். அடேயப்பா! கொடியில் கிடந்த துண்டின் நூல்கூடத் தெரிந்தது. பாட்டரியைத்தான் மடமடவெனக் குடித்தது.

புது லாரிக்குப் பூசை போட்ட அன்று பார்த்தால், பட்டறையில் ஸ்டாண்டை விரித்து நிற்கிறார். அத்தனை பேர் முன்னால் கை ஆடுவது தெரியக் கூடாதாம்! போதாததற்கு, சுவிட்ச் தவறி அணைந்துவிடுமோ என்று அதன்மேல் டேப் வேறு சுற்றியிருந்தார். உள்ளே அரை இருட்டு. அந்த வெளிச்சம் தாங்குகிற அளவுக்கு வேகத்தைக் கூட்டி, நின்ற லாரியைச் சோதனைக்கு ஒரு படம் எடுத்தார். லாரியின் நெற்றியில் எழுதியிருந்த ‘ஆத்தாயி துணை’ இரண்டு இரண்டாகத் தெரிந்தது. மனுசன் வெளுத்துப் போனார்.

“ஏனுங்க, சுவிட்ச அணைங்க!” என்றேன்.

“டேப்பு உரிய மாட்டேங்குது சௌந்திரம்!”

டிரைவர் வண்டியைக் கிளப்பிவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கேமராவை ஸ்டாண்டிலிருந்து வெடுக்கென்று கழற்றி அவர் கையில் திணித்தேன். “கை ஆடுனா ஆடட்டும், எடுங்க!” ஊரே பார்க்க, இரண்டு கையும் கிடுகிடுவென ஆட, எடுத்தார்.

நசுங்கிய எலுமிச்சையின் விதைகூட எண்ணுகிற மாதிரி விழுந்திருந்தது. ஒரே குறை, சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்ற அருணகிரி கண்ணை மூடியிருந்தார். அதற்கு எந்த லென்ஸிலும் சுவிட்ச் கிடையாது. படத்தை அவரிடம் நீட்டினேன்.

அவர் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “கண்ணத் தொறந்து வெச்சுட்டா சாமி கும்புடுவாங்க? படம் அருமைங்க. அடுத்த வண்டிக்கும் நீங்களே வாங்க” என்றவர், மூலையில் நின்ற ஸ்டாண்டைக் கை காட்டினார். “அத மட்டும் ஊட்டுல வெச்சுட்டு வாங்க.”