ஏத்வா தூங்காத வாரம்

ஆம்பூர்ல ஒரு ஷூ கம்பெனியோட குழந்தைக் காப்பகத்துல வேலை செஞ்சு, போன வருஷம் ரிட்டையர் ஆனேன். பேரு தில்ஷாத். அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா எனக்கே திரும்பிப் பாக்கத் தோணாது. மேனேஜர்லேர்ந்து செக்யூரிட்டி வரைக்கும் எல்லாருக்கும் நான் ஆப்பாதான். உருதுல அக்கான்னு அர்த்தம். இப்ப என் எடத்துக்குப் படிச்ச பொண்ணுங்க வந்திருக்காங்க. அவங்களுக்காக இதைச் சொல்றேன். கொஞ்சம் நீட்டி முழக்குவேன், பொறுத்துக்குங்க.

1. தூளி வேலைக்கு ஆகல

ஒரு திங்கக்கிழமை காலையில புத்னி வந்தா. ஜார்க்கண்ட் பொண்ணு. இருபது, இருபத்திரண்டு வயசு இருக்கும். புருஷன் மங்ரா தோல் பதனிடற டேனரியில, தோலை ஊறப் போடற டிரம் பக்கம் வேலை. இவளுக்கு எங்க கம்பெனியில பேஸ்டிங் செக்ஷன். தோல் பீஸுக்கு சொல்யூஷன் தடவி ஒட்டுற வேலை. கையில எட்டு மாசப் புள்ள. பேரு ஏத்வா. அவங்க பாஷையில ஞாயித்துக்கிழமை பொறந்தவன்னு அர்த்தமாம்.

புள்ளைய என் கையில குடுத்துட்டு அவ லைனுக்குப் போனா. அவ்ளோதான். புள்ள ஆரம்பிச்சான் பாருங்க, அப்படி ஒரு அழுகை! என் சர்வீஸ்ல எத்தனையோ புள்ளைங்க அழுது பாத்தவ நான். முதல் நாள் அழும், சாயங்காலத்துக்குள்ள அடங்கிடும். இவன் அடங்கல.

எங்க காப்பகத்துல உத்தரத்துல கொக்கி மாட்டி, பழைய புடவையில தூளி கட்டி வச்சிருப்போம். எப்பேர்ப்பட்ட அடம் புடிக்கிற புள்ளையும் தூளியில ரெண்டு ஆட்டு ஆட்டினா கண்ணு சொக்கிடும். ஏத்வாவ அதுல போட்டா உடம்பை வெறச்சுக்கிட்டு, கையக் கால விரிச்சு, எங்கயோ விழற மாதிரி கத்துவான்.

"இன்னா ஆப்பா இந்தப் புள்ள, தூளியப் பாத்தாலே தூக்கிவாரிப் போடுது!"ன்னா கன்னியம்மா. காப்பகத்துல என்கூட வேலை செஞ்சவ. வாய் ஜாஸ்தி, மனசு தங்கம்.

இடுப்புல வச்சுப் பாத்தோம். மடியில போட்டுத் தட்டினோம். கிலுகிலுப்பை ஆட்டினோம். கன்னியம்மா உப்பு மொளகா சுத்திப் போட்டா. நான் ஓதி ஊதினேன். ரெண்டு பேர் சாமியும் அன்னிக்கு லீவு போல.

டீ பெல் அடிச்சா பால் குடுக்கற அம்மாங்க வருவாங்க. பேஸ்டிங் ஆளுங்க ஏப்ரனைக் கழட்டிட்டு, சொல்யூஷன் வாடை போற வரைக்கும் சோப்பு போட்டுக் கை கழுவிட்டுத்தான் புள்ளையத் தொடணும். அதுலயே பாதி நேரம் போய்டும். அதுக்குள்ள ஏத்வா அழுது களைச்சு, அம்மா மாரைத் தொட்டதும் கண்ண மூடிடுவான். ஒரு வாய் உறிஞ்ச மாட்டான். புத்னி கன்னத்தைத் தட்டித் தட்டி எழுப்புவா. பெல் அடிச்சுடும்.

மூணாம் நாள் புள்ள கண்ணு உள்ள போய்டுச்சு.

புதன்கிழமை எச்.ஆர் சார் வந்தாரு. சின்ன வயசு, மெட்ராஸ்காரர். கெட்ட மனுஷன் இல்ல.

"ஆப்பா, அந்தப் பொண்ணு அடிக்கடி எந்திரிச்சு வருது. கன்வேயர் நிக்குது, சூப்பர்வைசர் பேஜார் பண்றாரு. குழந்தை செட் ஆகலன்னா அவங்களைக் கண்டினியூ பண்ண முடியாதுன்னு சொல்லிடுங்க."

நான் எப்படிச் சொல்றது? அவளுக்கு ரூம் குடுத்ததே ஆள் கூட்டிட்டு வந்த ஏஜெண்ட். வேலை போனா ரூமும் போய்டும். ரூம்னா ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒரே அறை, நடுவுல துணி கட்டி ரெண்டு குடும்பம்.

சாயங்காலம் புத்னிகிட்ட என் உருதுல மெதுவாச் சொன்னேன். அவ இந்தியும் எங்க ஊர் உருதும் முக்காவாசி ஒத்துப் போகும். அவ தரையப் பாத்துக்கிட்டே சொன்னா: "சனிக்கிழமை ஊர்க்காரர் ஒருத்தர் ஊருக்குப் போறார். இவனை அவர்கூட அனுப்பி விடறோம். மாமியார் பாத்துக்குவாங்க."

எட்டு மாசம். இன்னும் பால் குடிக்கிற புள்ள. ஒரு ஆம்பளைகூட ரெண்டு ராத்திரி ரயில்ல! கேட்டதும் எனக்கு ஆத்திரம்தான் வந்துச்சு. யார் மேலன்னு தெரியல.

2. கேட்டுல பாத்தது

மறுநாள் ஷிஃப்ட் முடிஞ்சதும் நல்ல மழை. ஏத்வாவோட குல்லாவ புத்னி மறந்துட்டுப் போய்ட்டா. மழையில தலை நனையுமேன்னு எடுத்துக்கிட்டு கேட் வரைக்கும் ஓடினேன்.

அங்க செக்யூரிட்டி ரூம் ஜன்னல்ல அவ ஒரு நீளமான கட்டம் போட்ட துணிய வாங்கிட்டிருந்தா. வாங்கி, முன்னால குனிஞ்சா. கத்திக்கிட்டிருந்த புள்ளைய ஒரு கையால தூக்கி முதுகுல போட்டா. துணிய மேல வீசி, அக்குள் வழியா இழுத்து நெஞ்சுல ஒரு முடிச்சு. முடிச்சு விழறதுக்குள்ள அழுகை நின்னுடுச்சு! கன்னத்தை அவ முதுகுல சாச்சிக்கிட்டு, மழையில, லாரி சத்தத்துல, புள்ள தூங்கிட்டான்.

"அடி புத்னி!"ன்னு நான் போட்ட சத்தத்துல ரோடே திரும்பிப் பாத்துச்சு.

அப்புறம்தான் எல்லாம் வெளிய வந்துச்சு. அவங்க ஊர்ல புள்ளைங்க வளர்றதே முதுகுல. நாத்து நடறது, விறகு பொறுக்கறது, சமைக்கறது எல்லாமே புள்ளைய முதுகுல கட்டிக்கிட்டுதான். ஏத்வா ஒரு நாள்கூட தொங்குற துணியில படுத்ததில்ல.

"இதை ஏம்மா முதல் நாளே சொல்லல?"

"கேட்டுல துணியக் கழட்டச் சொன்னாங்க. கம்பெனியில முதுகுல கட்டக் கூடாதுன்னு நெனச்சேன்."

செக்யூரிட்டி அண்ணனைப் பிடிச்சேன். "ஏன்யா, புள்ள கட்டுற துணிய எதுக்கு வாங்கி வச்ச?"

"ரூல்ஸ் ஆப்பா. நீளத் துணி உள்ள போனா மெஷின்ல மாட்டும். வெளிய வரும்போது தோல் பீஸைச் சுத்தி எடுத்துட்டு வருவாங்க."

"காப்பகத்துல ஏதுய்யா மெஷினு? நாளைக்கு அந்தத் துணி என்கூட உள்ள வரும். செக் பண்ணணும்னா என்னைச் செக் பண்ணு."

அவர் சிரிச்சிட்டாரு. "சரி ஆப்பா, கத்தாதீங்க."

3. சத்தம் இல்லாத காலை

வெள்ளிக்கிழமை. புத்னிகிட்டேர்ந்து அந்தத் துணிய வாங்கிக்கிட்டேன். "ஆடுற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடுற மாட்டைப் பாடிக் கறக்கணும். குனி ஆப்பா"ன்னா கன்னியம்மா. குனிஞ்சேன். எனக்கோ இடுப்பு வலி, தொந்தி வேற. புள்ளைய முதுகுல வச்சு அவ கட்டின கட்டு இருக்கே, அரிசி மூட்டைகூட அதைவிட ஒழுங்கா நிக்கும். ரெண்டு தடவை சரிஞ்சுச்சு. மூணாவது தடவை நின்னுச்சு.

முதல்ல அழுதான். என் வாசனை புதுசு. நான் நடந்துக்கிட்டே இருந்தேன். மத்த புள்ளைங்களுக்கு ராகிக் கஞ்சி ஊட்டினேன், டம்ளர் கழுவினேன், சண்டைய விலக்கினேன். துணியில அவங்க அம்மா வாசனை இருந்துச்சோ என்னவோ, அழுகை விசும்பலாச்சு. அப்புறம் என் முதுகு நடுவுல ஒரு சூடு. மூச்சு ஒரே சீரா வந்துச்சு. நானே மூணு பெத்தவ. ஒண்ணைக்கூட முதுகுல சுமந்ததில்ல. அந்தச் சூடு பட்டதும் எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. கன்னியம்மா பாக்காம தொடச்சிக்கிட்டேன். அவ பாத்துட்டா.

டீ பெல் அடிச்சுது. புத்னி கை கழுவிட்டு வராண்டாவுல வர்றா. தினம் அங்கயே அழுகைச் சத்தம் கேக்கும். அன்னிக்குக் கேக்கல. அவ அப்படியே நின்னா. முகத்துல ரத்தமே இல்ல. அப்புறம் ஓடி வந்தா, வாசல்ல செருப்பு ஒரு பக்கம் பறக்குது. புள்ளைக்கு என்னவோ ஆயிடுச்சுன்னே நெனச்சிட்டா பாவம்.

நான் சட்டுனு திரும்பி முதுகைக் காட்டினேன்.

அவ கதவப் பிடிச்சுக்கிட்டு அப்படியே தரையில உக்காந்துட்டா. புள்ளைய எழுப்பிக் குடுத்தேன். தூங்கி எழுந்த பசியில அவன் குடிச்ச குடி! ரெண்டு பக்கமும் குடிச்சான். அவ அழுதுகிட்டே சிரிச்சா.

மத்தியானம் எச்.ஆர் சார் எட்டிப் பாத்தாரு. "இன்னா ஆப்பா இது? ஆடிட் வரப் போகுது. குழந்தைங்க தொட்டில்லதான் இருக்கணும்."

"தொட்டில் இருக்குது, ஆடுது, பாத்துக்குங்க. உங்களுக்குத் தொட்டில் தூங்கணுமா, புள்ள தூங்கணுமா?"

அவர் என் முதுகைப் பாத்தாரு. அப்புறம் ஷூ சத்தம் வராம மெதுவா நடந்து போய்ட்டாரு.

4. சனிக்கிழமை சாயங்காலம்

பிரச்சினை முடிஞ்சுதுன்னு நெனச்சேன். முடியல. ராத்திரி புத்னி புள்ளைய அனுப்ப வேணாம்னு சொல்லியும் மங்ரா ஒத்துக்கலையாம். டிக்கெட் எடுத்தாச்சு, ஊர்ல சொல்லியாச்சு, ஒரு நாள் தூங்கினா அடுத்த வாரமும் தூங்குவானான்னு கேட்டிருக்கான். சனிக்கிழமை கடைசி டீ பெல்லுக்கு புத்னி புள்ளைக்கு ரொம்ப நேரம் பால் குடுத்தா. என் முதுகுல அவளே கட்டிவிட்டா. திரும்பிப் பாக்காம லைனுக்குப் போனா. ஷிஃப்ட் முடியறதுக்குள்ள ஊர்க்காரர் ரயில் புடிக்க காட்பாடிக்குக் கிளம்பணும்.

கேட்டுல மங்ராவும் அந்த ஆளும் பையோட நின்னாங்க. மங்ரா கையெல்லாம் டேனரிச் சுண்ணாம்பு பட்டு வெடிச்சிருந்துச்சு. நான் புள்ளையோடயே வெளிய போய், அவன் முன்னால முதுகைத் திருப்பி நின்னேன்.

"உன் புள்ள, எடுத்துக்கோ. ஆனா நீயே எழுப்பி எடுத்துக்கோ. நான் எழுப்ப மாட்டேன்."

அவன் கை முதுகுத் துணி மேல பட்டுச்சு. நின்னுச்சு. புள்ள தலைய ஒரு தடவை தடவிட்டுக் கைய எடுத்துக்கிட்டான்.

"அம்மா அங்க காத்துட்டிருப்பாங்களே"ன்னான்.

"இங்க ஒருத்தி புள்ளைய முதுகுல கட்டிக்கிட்டு நடக்கறான்னு சொல்லி அனுப்பு."

ஊர்க்காரர் மட்டும் பஸ் ஏறினாரு. மங்ரா பையோட ஓரமாப் போய் சுவத்தைப் பாத்து நின்னுக்கிட்டான்.

புதுப் பொண்ணுங்களுக்கு நான் சொல்றது இவ்ளோதான். வெளியூர்ப் புள்ளைய வாங்கினதும் தூளியில போடாதீங்க. ஊர்ல எப்படித் தூங்கும்னு அந்த அம்மாவ ஒரு வார்த்தை கேளுங்க. பாஷை தெரியலன்னா செஞ்சு காட்டச் சொல்லுங்க.

அன்னிக்கு பெல் அடிச்சு ஷிஃப்ட் விட்டுச்சு. புத்னி எல்லாருக்கும் கடைசியா, தலை குனிஞ்சு வந்தா. புள்ள போயிருப்பான்னுதான் நெனச்சிருந்தா. கேட்டுகிட்ட என் காலைப் பாத்தா, நிமிந்தா, என் தோளுக்குப் பின்னால தெரிஞ்ச அந்தச் சின்னத் தலையப் பாத்தா. என் பக்கத்துல வந்து, திரும்பி நின்னு, குனிஞ்சு முதுகைக் காட்டினா.