அக்கினி மூலையில் ஒரு கம்ப்யூட்டர்

உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் எந்த மூலையில் இருக்கிறது? அந்த மூலையைத் தேர்ந்தெடுத்தது நீங்களா, தட்சணை வாங்கிக்கொண்டு போன யாரோ ஒருவரா?

போடிநாயக்கனூரில் பாண்டித்துரை வீட்டுக் கம்ப்யூட்டர் அடுப்படியில் இருந்தது. கேஸ் அடுப்புக்குக் கை எட்டும் தூரம். கடுகு வெடித்தால் திரையில் தெறிக்கும். குழம்பு கொதித்தால் திரை வியர்க்கும்.

அது அங்கே போன கதை இது. பாண்டித்துரை ஏலக்காய் வாங்கி விற்கிறவர். ஏல விலையை வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று அதை வாங்கி முன்னறை ஜன்னலோரம் வைத்தார். ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பருவத்தில் அவர் வாங்கி அடுக்கிய சரக்கின் விலை சரிந்தது. ஊரில் எல்லோருக்கும்தான் சரிந்தது. ஆனால் மனிதர் சந்தையைக் குறை சொல்லவில்லை, தன் கணக்கைக் குறை சொல்லவில்லை. கம்ப்யூட்டர் இருக்கும் இடம் சரியில்லை என்றார். வாஸ்து பார்க்கிற ஒருவரைக் காரில் கூட்டிவந்தார்.

வந்தவர் கையில் திசைகாட்டியோடு வீட்டை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, "மின்சாரம்னா அக்கினி. அக்கினி தென்கிழக்குலதான் இருக்கணும்" என்றார். தென்கிழக்கில் ஏற்கெனவே அடுப்படி இருந்தது. வீடு கட்டும்போது இவரைப் போல இன்னொருவர் சொல்லி வைத்தது அது. இருந்தால் என்ன? இரண்டு அக்கினியும் அக்கம்பக்கமாகக் குடித்தனம் நடத்தட்டும் என்று முடிவாகிவிட்டது.

வீடே கைகட்டி நின்றது. ஒரே ஒருத்தி மட்டும் சிரித்தாள். அவள் பாண்டித்துரையின் தம்பி ராம்பிரசாத்தின் மனைவி சூர்யகலா.

"சூடு பட்டாக் கெட்டுப்போற பொருளக் கொண்டுபோயி அடுப்புக்கிட்ட வைப்பாகளா மாமா?" என்று கேட்டாள்.

"லயத்துல பொறந்தவளுக்கு வாஸ்து என்னத்தத் தெரியும்?" என்றார் பாண்டித்துரை. "ஒரே ரூம்புல அடுப்பு, படுக்க, கோழி எல்லாம்."

"ஆமா மாமா, ஒரே ரூம்புதான். மழைக்கு ஒழுகாத மூலைதான் எங்களுக்கு நல்ல மூலை."

வாஸ்துக்காரர் அவசரமாகத் திசைகாட்டியைப் பைக்குள் போட்டார். அன்றிலிருந்து சூர்யகலாவுக்கும் அந்த வீட்டுக்கும் பகை வெளிப்படையானது. உள்ளுக்குள் அது கல்யாண நாளிலிருந்தே இருந்தது.

போடிமெட்டுக்கு அப்பால், இடுக்கிப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தின் தொழிலாளர் குடியிருப்பில், அங்கே லயம் என்பார்கள், அவள் பிறந்தாள். அம்மா அய்யம்மாள் இன்றைக்கும் அங்கே குனிந்து காய் பறிக்கிறவள். சூர்யகலாவுக்குத் தமிழ் அம்மாவிடமிருந்து வந்தது. மலையாளம் மேஸ்திரியின் வசவிலிருந்து வந்தது. திட்டித் திட்டிக் கற்றுக்கொடுத்த பாடம் என்பதால் ஒரு சொல்லும் மறக்கவில்லை. போடிக்கு இறங்கி வந்து கல்லூரியில் படித்தாள். கம்ப்யூட்டர் அறையில் பையன்கள் உட்கார்ந்து தட்ட, பெண்கள் பின்னால் நின்று வேடிக்கை பார்ப்பது வழக்கம். ஒருநாள் ஒருவனை எழுப்பிவிட்டு உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு நின்று பார்க்கவே இல்லை. ராம்பிரசாத் அந்தத் துணிச்சலைப் பார்த்துத்தான் காதலித்தான். கட்டிக்கொண்ட பிறகு அதே துணிச்சலைப் பார்த்துப் பயந்தான்.

அண்ணன் கடையில் தம்பிக்குச் சோறு உண்டு, சம்பளம் கிடையாது. மலைக்கு ஏறி அம்மாவைப் பார்த்து வர பஸ்சுக்குக்கூட மாமியார் சுருளியம்மாளிடம் கையை நீட்ட வேண்டும். "போன மாசந்தான போன?" என்ற கேள்வியோடுதான் காசு வரும். அவள் வேலை தேடியதற்குக் காரணம் அந்தக் கேள்வி.

வேலை ஒன்று கண்ணில் பட்டது. கொச்சியில் ஒரு நிறுவனம். மலையாளத்தில் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டு, வீட்டிலிருந்தே தமிழில் எழுதித் தர வேண்டும். முதலில் ஒரு சோதனை. வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்குப் பதிவை அனுப்புவார்கள். பன்னிரண்டுக்குள் எழுதி அனுப்ப வேண்டும். ஒருமுறைதான் வாய்ப்பு.

அடுப்படியில் உட்கார்ந்து பழகிப் பார்த்தாள். அரைமணி நேரம் ஆனால் கம்ப்யூட்டர் தானாக அணைந்தது. ஆறியபின் போட்டால் ஓடியது, மறுபடி அணைந்தது. சுருளியம்மாள் உடனே காரணம் கண்டுபிடித்தாள்.

"தூரத்தோட தொட்டிருக்கா. அது பொறுக்குமா? சரஸ்வதில்ல?"

மாதவிலக்கான பெண் தொட்டால் இயந்திரம் அணையும் என்று நம்புகிற ஊரில், அதே பெண் நெல் நடலாம், ஏலக்காய் பறிக்கலாம், மூட்டை தூக்கலாம். அப்போதெல்லாம் எந்தச் சாமிக்கும் கோபம் வராது. கூலி வேலைக்கு இல்லாத தீட்டு நாற்காலியில் உட்கார்ந்ததும் எங்கிருந்து வருகிறது?

பாண்டித்துரையின் பரிகாரம் அது அடுப்படிக்கு வந்த நாளிலிருந்தே நடந்துகொண்டிருந்தது. வெள்ளிதோறும் கம்ப்யூட்டர் பெட்டிக்குச் சந்தனம், குங்குமம். மேலே ஜரிகைத் துண்டு. அதற்கும் மசியாவிட்டால் கடைக்குக் கொண்டுபோய் 'பார்மட்' அடித்துவிடலாம் என்றார். போன வருசம் அப்படித்தான் கடைக்காரர் அடித்துக் கொடுத்தார். வேறெங்கும் நகல் எடுத்து வைக்காத படங்கள் அத்தனையும் போயின. லயத்து வாசலில் அய்யம்மாள் சிரித்துக்கொண்டு நிற்கிற ஒரே படமும் போயிற்று. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பாண்டித்துரைக்கு விலை தெரிந்தால் போதும்.

வியாழக்கிழமை ஆண்கள் கடைக்குப் போனதும் சூர்யகலா வேலையில் இறங்கினாள். ஒழுங்காக அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பெட்டியைக் கொல்லைக்குத் தூக்கிப்போனாள். பக்கத்து மூடியின் திருகாணிகளைக் கழற்றித் திறந்தாள். தாளிப்புப் புகையும் தூசியும் சேர்ந்து, தோசைக்கல் அடியில் படிகிற கரியைப் போல, உள்ளே அப்பிக் கிடந்தன. சின்ன மின்விசிறி சுற்ற இடமில்லாமல் இருந்தது. காற்று வெளியேற வேண்டிய ஓட்டைகளைத் தேடினாள். அத்தனையும் காய்ந்த சந்தனத்தால் அடைபட்டிருந்தன. மூன்று விரல் அகலத்துக்கு, பக்தியோடு, பட்டை பட்டையாக. ஓர் ஆளின் மூக்கை அடைத்து, போர்வையைப் போர்த்தி, அடுப்போரம் உட்கார வைத்துவிட்டு, இவனுக்கு ஏன் மயக்கம் வருகிறது என்று ஜோசியம் பார்த்திருக்கிறார்கள்.

மென்மையான பிரஷ் வேண்டும். கண்ணாடி அலமாரியில் ஒன்று இருந்தது. விசிறி சுழலாமல் ஒரு விரலால் பிடித்துக்கொண்டு துடைக்கத் தொடங்கினாள். சுருளியம்மாள் கொல்லைக்கு வந்துவிட்டாள்.

"ஏண்டி, என்னத்தப் போட்டு நோண்டுற?"

"சந்தனக் காப்புக் கலைக்கிறேன் அத்தை."

"அடியேய், அது பெரியவன் சவரம் பண்ற பிரசுல்ல!"

"இதுக்குந்தான் மூஞ்சி அடைஞ்சு கெடக்கு. வழிச்சு விட்டா நல்லா இருக்கும்."

மாமியார் தலையில் அடித்துக்கொண்டு மகனுக்குப் போன் போட ஓடினாள். சரக்கு எடுக்க வெளியூர் கிளம்பிக்கொண்டிருந்த அவர், நாளைக்கு வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றார். சூர்யகலா பெட்டியை மூடித் தன் அறைக்குத் தூக்கிவந்தாள். ஜன்னலோரம், தரையிலிருந்து உயர்த்தி ஒரு முக்காலியில், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தாள். ஜரிகைத் துண்டை மடித்து மாமியார் கட்டிலில் போட்டாள்.

பிறகு போட்டுப் பார்த்தாள். அது விழித்து எழுந்து தயாராவதற்குள் ஒரு காப்பி போட்டுக் குடித்து டம்ளரையும் கழுவிவிடலாம். கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரைத் திறந்தாள். கம்ப்யூட்டரைப் போட்டதுமே கூடவே எழுந்துகொள்கிற நிரல்களின் வரிசை அங்கே இருந்தது. பாண்டித்துரை யார் யாரோ சொன்னதைக் கேட்டு இறக்கி வைத்த ராசிபலன், சீட்டாட்டம், என்னென்னவோ. வைரஸ் தடுப்பை மட்டும் விட்டுவிட்டு, தேவையில்லாததையெல்லாம் தானாகக் கிளம்பாதபடி நிறுத்தினாள். அணைத்து மறுபடி போட்டாள். காப்பிக்குப் பால் காய்வதற்குள் தயாராக நின்றது. 'பார்மட்'டுக்குப் பிறகு சேர்ந்த படங்களை ஒரு பென்டிரைவில் நகல் எடுத்து அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தாள்.

வெள்ளி. பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகுகாலம். வீட்டில் யாரும் செருப்புக்கூட மாட்டாத நேரம். பதிவு வந்தது. திரையில் இடப்பக்கம் பதிவு, வலப்பக்கம் எழுதுகிற தாள். மாற்றி மாற்றித் திறந்து மூட வேண்டியதில்லை. எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டாள். குரலின் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தாள். பேசியது ஒரு தோட்டத் தொழிலாளிப் பெண். அந்த மலையாளம் சூர்யகலாவுக்குச் சொந்த வீடு. ஒவ்வொரு பத்தி முடிந்ததும் கன்ட்ரோலும் எஸ்ஸும் அழுத்திச் சேமித்தாள்.

கதவு படீரெனத் திறந்தது. பாண்டித்துரை. பின்னால் ராம்பிரசாத், அவனுக்கும் பின்னால் சுருளியம்மாள்.

"ராகுகாலத்துல என்ன சோலி? எந்திரி!"

"பன்னெண்டுக்கு எந்திரிக்கிறேன் மாமா."

"டேய், ஓம் பொண்டாட்டிகிட்டச் சொல்லுடா!"

ராம்பிரசாத் தரையைப் பார்த்தான். "அண்ணே சொல்றாருல்ல கலா..."

"ஏங்க, நீங்க சொல்றதச் சொல்லுங்க. அவரு சொன்னதுதான் கேட்டுச்சே."

பாண்டித்துரை கூடத்துக்குப் போனார். மெயின் போர்டில் அந்த அறைக்கான பீஸ் கட்டையை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். திரை இருண்டது.

சூர்யகலா எழுந்து வந்தாள். அவள் அழுவாள் என்று மூவரும் எதிர்பார்த்திருக்க வேண்டும். லயத்தில் மழைக்கு மழை கரண்டு போகும். சரிசெய்ய யாரும் வரமாட்டார்கள். குழந்தையிலேயே கற்றுக்கொண்ட வேலை. மெயினை அணைத்தாள். பூஜை அறைக்கும் முன்னறைக்கும் போகிற கட்டையை உருவி, தன் அறையின் இடத்தில் செருகினாள். மெயினைப் போட்டாள். அவள் அறையில் விசிறி சுற்றியது. பூஜை அறையில் சீரியல் பல்பு மாலை செத்துப்போனது.

"அய்யய்யோ, சாமி வெளக்க அணைச்சிட்டாளே!" என்று சுருளியம்மாள் அலறினாள்.

"ஓம் பையிலதாண்டா இருக்கு சாமி வெளிச்சம்" என்று மகனைப் பார்த்து அடுத்த மூச்சில் கத்தியவளும் அவள்தான். "கட்டையக் கொண்டா வெரசா! வெள்ளிக்கெழமையும் அதுவுமா!"

பாண்டித்துரை தாயைப் பார்த்தார், போர்டைப் பார்த்தார், இருண்ட சாமி அறையைப் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து கட்டையை எடுத்துத் தானே செருகினார்.

சூர்யகலா அதற்குள் நாற்காலியில் இருந்தாள். கம்ப்யூட்டர் பால் காயும் நேரத்தில் எழுந்தது. சேமித்தது எல்லாம் இருந்தது. பறிபோனது கடைசி ஒரு வரி. முன்னறையில் இருந்த இணையப் பெட்டி உயிர்த்தெழ நேரமெடுத்ததால், தன் போனின் இணைப்பை எடுத்துக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தாள். பன்னிரண்டுக்கு முன் அனுப்பிவிட்டாள். ராகு அவளை ஒன்றும் செய்யவில்லை. செய்ததெல்லாம் பாண்டித்துரை.

வேலை கிடைத்தது. முதல் சம்பளத்தில் மலைக்குப் போனாள், யாரிடமும் கையை நீட்டாமல். லயத்து வாசலில் அய்யம்மாளை நிற்க வைத்து மறுபடி ஒரு படம் எடுத்தாள். இரண்டு இடத்தில் நகல் வைத்திருக்கிறாள். அந்த வீட்டில் யாரும் திருந்திவிடவில்லை. மாமியார் இன்னும் அவள் காதுபடத்தான் குறை பேசுகிறாள். ராம்பிரசாத் இன்னும் தரையைத்தான் பார்க்கிறான்.

ஆனால் ஒருநாள் பாண்டித்துரை அறை வாசலில் வந்து நின்றார். "ஏம்மா, ஏல வெல இப்ப டக்குனு வருதே, என்ன பண்ணுன? அத எனக்குங் கொஞ்சம் காமிச்சுவிடேன்."

"காமிக்கிறேன் மாமா. வெள்ளிக்கெழமை பத்தரைக்கு வாங்க."

அவர் முகம் கறுத்தது. முறைத்துவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு வந்தார்.

இனி உங்கள் முறை. நல்ல நேரம் பார்க்காதீர்கள், இப்போதே எழுந்து போங்கள். உங்கள் கம்ப்யூட்டரின் மேல் கிடக்கிற துணியை எடுங்கள். அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, காற்று ஓட்டைகளை அடைத்திருக்கிற சந்தனத்தையும் தூசியையும் துடையுங்கள். அடுப்போரமோ சுவரோரமோ ஒட்டிக்கிடந்தால் காற்றுப் படுகிற இடத்துக்கு நகர்த்துங்கள். படங்களை இன்னோர் இடத்தில் நகல் எடுத்து வையுங்கள். எல்லாம் முடிந்ததும் அந்த நாற்காலியை விட்டு எழுந்து, பாஸ்வேர்டை உங்கள் வீட்டுப் பெண்ணிடம் சொல்லுங்கள்.