கடி கிடைக்கும்

புது போர்டுக்குச் சொல்லியிருந்த பிளெக்ஸ் கடையிலிருந்து நேற்று ஒரு தம்பி போன் செய்தான். "அக்கா, நீங்க அனுப்புனதுல எழுத்துப் பிழை இருக்கு. 'கடி கிடைக்கும்'னு வந்திருக்கு. 'காபி கிடைக்கும்'தான?" என்றான். அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டு வாசலுக்குப் போனேன். ரோட்டோரம் சவுக்குக் கம்பில் பழைய போர்டு தொங்கிக்கொண்டிருந்தது. கறுப்புப் பெயின்ட் அடித்த தகரம், நான்கு ஓரமும் துரு. வண்டன்மேட்டு மழையில் வேறெந்தத் தகரமும் இத்தனை வருஷம் தாக்குப் பிடித்திருக்காது. வெள்ளைப் பெயின்டில் மாமாவின் கையெழுத்து இன்னும் படிக்கிற மாதிரிதான் இருக்கிறது: "சாயா. கடி கிடைக்கும்." அதற்குக் கீழே ஒரு சாண் அளவுக்கு வெறும் கறுப்பு.

மாமா என்றால் என் வீட்டுக்காரரின் அப்பா. ஏலத்தோட்டத்தில் கங்காணியாக இருந்து ஓய்வு பெற்றவர். பிறந்தது வளர்ந்தது எல்லாம் இந்த மலைதான். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்ததால் எழுதுவது தமிழ். பேசுவதில் பாதி மலையாளம். கம்பம் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த எனக்கு அவர் பேச்சு பிடிபடவே நாளாயிற்று. வந்த புதிதில் ஒரு நாள், "ரசத்துல உப்பு கூடிருச்சு மாமா" என்று பயந்துகொண்டே சொன்னேன். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, "சாரமில்ல" என்றார். உப்பும் கூடி, ரசத்தில் சாரமும் இல்லை என்கிறாரே என்று அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். மலையாளத்தில் அதற்குப் 'பரவாயில்லை' என்று அர்த்தம் என வீட்டுக்காரர் வந்து சொன்ன பிறகுதான் மூக்கைச் சிந்தினேன். அதற்குள் மாமா ரசத்தை முழுக்கக் குடித்து முடித்திருந்தார்.

கல்யாணமான அடுத்த வருஷம் உண்டானேன். அப்போது ஏலக்காய் தரம் பிரிக்கும் இடத்தில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஊரே மணக்கும் அந்த வாசனை எனக்கு மட்டும் திடீரென்று ஆகாமல் போயிற்று. சாக்கைப் பிரித்தாலே குமட்டிக்கொண்டு வரும். ஏலக்காய் காயவைக்கிற ஸ்டோரில் வேலை பார்க்கும் வீட்டுக்காரர், குளித்துவிட்டு வந்தால்தான் வீட்டுக்குள் அனுமதி. ஏலக்காய் ஊரில் வாழ்க்கைப்பட்டு ஏலக்காயைக் கண்டு ஓடினால் வேலைக்கு எங்கே போவது? நின்றுவிட்டேன்.

வேலை போனதுகூடப் பெரிதில்லை. எனக்கு என் அம்மா வேண்டும். தலைப்பிரசவம் அம்மா வீட்டில் என்பது வழக்கம். அம்மாவோ என் கல்யாணத்துக்கு அப்புறம் திருப்பூருக்குப் போய், பனியன் கம்பெனி வேலையில் ஒற்றை அறையில் இருந்தாள். அவள் சம்பளத்தில்தான் அறை வாடகையும் என் தம்பி படிப்பும். அவள் கிளம்பி வந்தால் அது இரண்டும் நின்றுபோகும். இங்கேயோ மாமியார் நான் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். இரண்டு ஆண்களும் ஒரு நாயும் இருக்கிற வீட்டில் பிள்ளை பெறப்போகிறேன் என்று நினைத்தாலே பயமாக இருந்தது. நான் சம்பாதித்து அம்மாவின் வாடகையையும் தம்பி பீஸையும் கட்டினால் அவள் வருவாள். இதுதான் என் கணக்கு. வீட்டில் இருந்தபடியே வடை, பஜ்ஜி போட்டு ஸ்டோர் ஆட்களுக்குக் கொடுத்து அனுப்பலாம் என்று ஆரம்பித்தேன்.

மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "புள்ளத்தாச்சிய அடுப்புல நிறுத்திச் சம்பாதிக்கிறான்னு ஊரு என்னையக் காறித் துப்பும் தாயி. நிப்பாட்டு" என்றார். எனக்கும் வாய் சும்மா இருக்காது. "எனக்கு எங்கம்மா வேணும் மாமா. அதுக்குத்தான்" என்றேன். மறுநாள் நான் எழுந்து போனால் அடுப்புக்கு முன்னால் மாமா நிற்கிறார், தலையில் துண்டு கட்டிக்கொண்டு. "நீ நாக்காலில உக்காந்து சொல்லு. கை என்னுது" என்றார்.

கங்காணி புத்தி எங்கே போகும்? தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிட்டு ஆள் எடுத்த பழக்கத்தில், பாத்திரங்களுக்கும் பேர் கூப்பிட்டார். "வடச் சட்டி?" என்பார். "ஆஜர்" என்று நான் சொல்ல வேண்டும். "ஜல்லிக் கரண்டி? எங்க போனா அவ? அர நாள் கட்!" சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொள்வேன். உள்ளே இருந்த பிள்ளையும் சேர்ந்து உதைக்கும். அவர் தட்டிய வடைகள் முதலில் ஆளுக்கொரு வடிவத்தில் வந்தன. ஒன்றைக் கையில் எடுத்து, இது வடையா உளுந்து உருண்டையா என்று கேட்டேன். "சாரமில்ல" என்றார். இப்போது எனக்கு அர்த்தம் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் மேலே இருக்கும் ஹோம்ஸ்டேக்காரர் எங்களைப் பற்றிக் கேள்விப்பட்டு போன் செய்தார். மலையாளி. மாமா வெளியே போயிருந்ததால் நான் எடுத்தேன். "சாயக்கு கடி எந்தெங்கிலும் உண்டோ?" என்றார். எனக்குக் காதில் விழுந்தது கடி மட்டும். வீட்டுக்கு வர நினைக்கிறார், நாயைப் பற்றி விசாரிக்கிறார் என்று நினைத்து, "அதெல்லாம் கடிக்காது சார். கட்டித்தான் போட்டிருக்கோம். பயப்படாம வாங்க" என்றேன். போன் கட்டானது. மாமா வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். மனுஷர் சிரித்த சிரிப்பில் புரை ஏறிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டீக்குத் தொட்டுக் கடிக்கிற வடை, பஜ்ஜி, பழம்பொரி எல்லாவற்றுக்கும் மலையாளத்தில் பொதுப்பேர் 'கடி'யாம். உடனே போனைப் போட்டு, "நாய் வேற, கடி வேற சாரே" என்று சமாதானம் சொல்லி, சாயங்காலம் விருந்தாளிகளுக்கு வேண்டியதை எங்களிடமே வாங்கும்படி பேசி முடித்தார்.

அந்த வெற்றியில் ஏறிய தலைக்கனம்தான் இந்த போர்டு. பழைய தகரம் ஒன்றைத் தேடி எடுத்து அவரே எழுதி மாட்டினார். பார்த்துவிட்டு வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். வார்த்தை மலையாளம், எழுத்து தமிழ். மலையாளிக்குப் படிக்க வராது. தமிழனுக்குப் படித்தால் புரியாது. "பலகாரம்னு போடுங்க மாமா" என்று நானும் கெஞ்சிப் பார்த்தேன். "பலகாரம்னா தீவாளிக்கு. சாயாக்கு கடிதான். நீ சும்மா இரி" என்று முடித்துவிட்டார்.

கடைசியில் அவர்தான் ஜெயித்தார். தேக்கடிக்குப் போகிற தமிழ்நாட்டு வண்டிகள் எல்லாம் போர்டைத் தாண்டிப் போய், பிரேக் போட்டு, ரிவர்ஸில் வந்தன. இறங்கி நின்று போட்டோ எடுத்தார்கள். ஒரு காலேஜ் கூட்டம் வரிசையாகக் கையை நீட்டி, "எங்க, கடிங்க பாப்போம்" என்றது. மாமா ஒவ்வொரு கையிலும் ஒரு சூடான வடையை வைத்தார். சிரிக்க நின்றவர்கள் தின்றுவிட்டுப் போனார்கள். கம்பத்திலிருந்து தினமும் ஜீப்பில் ஏலக்காய் எடுக்க வரும் பெண்கள் திரும்பிப் போகும்போது பொட்டலம் கட்டி வாங்கிப் போனார்கள். போர்டுக்குக் கீழே இருந்த இடத்தில் மாமா சாக்பீஸால் தினம் ஒரு வரி எழுதுவார். "இன்றைய கடி: பருப்பு வடை." "இன்று மழை. கடி சூடு."

அம்மா வந்தால் செலவுக்கு ஆகும் என்கிற அளவுக்குப் பணம் சேர்ந்ததும் ஆசையோடு போன் செய்தேன். அம்மா முடியவே முடியாது என்றுவிட்டாள். "தலப்பிரசவம் நாம பாக்க வேண்டியது. அதுக்குச் சம்பந்தி வீட்டுக் காச வாங்கித் தின்னா நாளைக்கு உனக்கு அங்க என்னடி மதிப்பு?" என்றாள். எனக்கு மனசு இடிந்துபோயிற்று. இவ்வளவு வடையும் சுட்டது இதைக் கேட்கவா? போனைக் கையில் வைத்துக்கொண்டு தேம்பினேன். மாமா அதை வாங்கிக் காதில் வைத்தார். "தங்கச்சி, இதுல எங்க வீட்டுக் காசு ஒத்தப் பைசா கெடையாது. ஒங்க மக சம்பாத்தியம். நான் கூலிக்கு வட தட்டுனவன், எனக்குக் கூலியே இன்னும் வரல. மக காசுல மகளுக்குப் பேறு பாத்தா அது அம்மா வீட்டுச் செலவுதான? பேடிக்காம, பயப்படாம வாங்க" என்றார். "எந்த பஸ்ஸுண்ணே ஏறணும்?" என்று அம்மா கேட்டது எனக்கே காதில் விழுந்தது.

அவள் வந்த அன்றைக்கு நல்ல மழை. ஜீப்பிலிருந்து பையோடு இறங்கியவள் வீட்டுக்குள் வராமல் ரோட்டிலேயே நின்றாள். போர்டைப் படித்துக்கொண்டிருந்தாள். மாமா அன்றைக்கு மரியாதையாக எழுதியிருந்தார்: "இன்று கடி இல்லை. சம்பந்தியம்மா வருகிறார்." அம்மா என்னைப் பார்த்து, "ஏண்டி, நான் வர்ற அன்னைக்கு மட்டுந்தேன் கடிக்க மாட்டாகளா? மத்த நாள்ல கடிப்பாகளோ?" என்றாள். குடையோடு ஓடிவந்த மாமா அவசரமாக அவள் பையை வாங்கிக்கொண்டார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். அத்தனை மாதமாக நெஞ்சில் அழுத்திக்கொண்டிருந்தது அந்தச் சிரிப்பில் கரைந்து போயிற்று. என் அம்மா வந்துவிட்டாள்.

மகள் பிறந்தபோது அம்மா என் தலைமாட்டில் இருந்தாள். வீட்டுக்கு வந்து பார்த்தால், "இன்றும் கடி இல்லை. பேத்தி பிறந்திருக்கிறாள்" என்று போர்டு சொல்லிக்கொண்டிருந்தது. அதைப் படித்துவிட்டு ஜீப் பெண்கள் யாரோ கம்புக்கடியில் ஒரு சீப்பு வாழைப்பழம் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பிறகு மகளுக்குப் பல் முளைத்ததும், முதல் வேலையாகத் தாத்தாவின் விரலைப் பதம் பார்த்தாள். அவர் கையை உதறிக்கொண்டே ஓடிப்போய் எழுதினார்: "இன்று முதல் நிஜக் கடியும் கிடைக்கும்."

பிரசவம் பார்த்துவிட்டுப் போவதாக வந்த அம்மா போகவே இல்லை. தம்பிக்கு வேலை கிடைத்த பிறகும் இங்கேதான். வடை சுடுவது இப்போது அவள்தான். மகள் மூன்றாம் வகுப்பு. மாமா போன மழைக்காலத்தில் போய்விட்டார். அதற்கப்புறம் அந்த வெறும் கறுப்பில் யாரும் எழுதவில்லை.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டு நான் வாசலில் நிற்கும்போதே பிளெக்ஸ் தம்பி மறுபடி கூப்பிட்டான். அம்மா மாவுக் கையோடு வந்து போனை வாங்கினாள். "ஏன்யா, கடின்னா கடிதான். அதுல என்ன பிழையக் கண்ட? அப்பிடியே போடு. கீழ ஒரு சாண் எடம் விடு, அது எங்க அண்ணன் சாக்பீசுல எழுதுற எடம்" என்றாள். அவன் ஏதோ சொன்னான்.

"பிளெக்ஸுல சாக்பீசு புடிக்காதா? அப்ப ஒன் பிளெக்ஸே வேண்டாம்" என்று வைத்துவிட்டாள். முன்பணம் கொடுத்திருக்கிறோமே அம்மா என்றேன். துருப்பிடித்த தகரத்தை மாவுக் கையால் ஒரு முறை தட்டிவிட்டு, "சாரமில்ல" என்றாள்.