யாரைக் கேட்டு என் முடியை நேர்ந்துகொண்டார்கள்?

காரைக்காலில் புதியவர்களைப் பார்த்து எல்லோரும் "எந்த ஊர்?" என்று கேட்பார்கள். என்னை மட்டும் "எந்தக் கோயிலுக்கு?" என்று கேட்கிறார்கள். கோவில்பத்து டீக்கடையில் போய் உட்கார்ந்தால், கடைக்காரர் டீயை ஆற்றிக் கையில் கொடுத்துவிட்டு, என் தாடியையும் தலைப்பாகையையும் மரியாதையோடு ஒரு பார்வை பார்த்து, "எப்பங்க முடி எறக்கப் போறீங்க?" என்பார். இறக்கப் போவதில்லை என்று சொன்னால், "வேண்டுனது இன்னும் நடக்கலியா?" என்று எனக்காக வருத்தப்படுவார். நான் வந்து நாலு வருஷம் ஆகப்போகிறது. அதே கடை, அதே டீ, அதே கேள்வி. இந்தக் கடற்கரையில் ஒரு மனிதன் முடி வளர்க்க ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும். இந்து என்றால் வைத்தீஸ்வரன் கோயில், கிறிஸ்தவர் என்றால் வேளாங்கண்ணி, முஸ்லிம் என்றால் நாகூர். வேறு எதில் ஒத்துப்போகிறார்களோ இல்லையோ, வளர்த்த முடியைக் கொண்டுபோய்க் கொடுப்பதில் மூன்று பேரும் ஒற்றுமையாக இருக்கிறார்கள்.

மலாயாவில் இதைப் படிக்கிறவர்களில் சிலருக்கு என்னைத் தெரிந்திருக்கலாம். ஈப்போவுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் மாடு வளர்த்துப் பால் ஊற்றிய வங்காளியின் மகன் கர்த்தார் சிங் நான்தான். வங்காளத்தை நாங்கள் படத்தில்கூடப் பார்த்ததில்லை. பஞ்சாபிலிருந்து வந்த சீக்கியர்களையெல்லாம் நீங்கள் வங்காளி என்று கூப்பிட்டீர்கள், நாங்களும் திரும்பிப் பார்த்தோம். தோட்டத்தில் இருந்தது தமிழ்ப் பள்ளிக்கூடம் ஒன்றுதான், அதனால் குர்முகி எழுத்துக்கு முன்பே எனக்கு அ, ஆ வந்துவிட்டது. ஈப்போவில் கடை வைத்திருந்த சுல்தான் மரைக்காயர் ஊரோடு திரும்பி, காரைக்காலில் அரிசி மில் போட்டு, ஆயில் எஞ்சின் பார்க்க ஆள் வேண்டும் என்று என்னை அழைத்தார். ஒரு வருஷம் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன். பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிக்கொண்டு கிளம்பிய சமயம் அது. பிறகு நான் பிறந்த மலாயா நான் இல்லாதபோது சுதந்திரம் வாங்கிக்கொண்டது. என் தாத்தாவின் கிராமமோ இப்போது பாகிஸ்தானில் இருக்கிறது. இந்த ஊரும் என்னைப் போலத்தான், ஆள்வது இந்தியா, காகிதத்தில் இன்னும் பிரான்ஸ் என்கிறார்கள். எங்களுக்குள் பொருத்தம் நன்றாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

ஆனால் என் உடம்பில் இருக்கிற ஒவ்வொன்றையும் இந்த ஊர் தன் பாட்டுக்கு அர்த்தம் பண்ணிக்கொள்கிறது. கையில் இருக்கும் இரும்பு வளையத்தைத் திருவிழாக் காப்பு என்கிறார்கள். கழற்றும் நாள் எது என்று விசாரிக்கிறார்கள். அது கழற்றுவதற்கு இல்லை ஐயா, கை எதைச் செய்யப் போனாலும் கடவுள் பார்க்கிறார் என்று கைக்கே ஞாபகப்படுத்துவதற்கு. இடுப்பில் இருக்கும் கிர்பான் கத்தியைப் பார்த்த ஒரு போலீஸ்காரர், "யார வெட்டுறதுக்கு?" என்றார். யாரையும் வெட்டுவதற்கு அல்ல, தன்னைக் காத்துக்கொள்ள முடியாதவன் பக்கத்தில் போய் நிற்பதற்கு என்றேன். "அப்ப அய்யனாரு மாதிரி" என்று திருப்தியாகப் போய்விட்டார். முழங்கால்வரை வரும் கச்சேராவை, ஒழுக்கத்துக்கு அடையாளமாக நாங்கள் அணிகிற உள்ளாடையை, வெளுக்கிறவர் கொடியில் விரித்துப் பார்த்துச் சிரிக்கிறார். கொண்டையில் செருகியிருக்கும் மரச் சீப்பை, கங்கா என்போம், பெண்பிள்ளைச் சீப்பு என்கிறார்கள். காட்டுக்குப் போன சாமியார் சடை வளர்ப்பான். நாங்கள் வீட்டில் இருந்து, உழைத்து, சம்பாதித்ததைப் பகிர்ந்து உண்ணவேண்டியவர்கள், அதனால் முடியைத் தினமும் சீவி முடிய வேண்டும். இதையெல்லாம் எத்தனை முறை சொன்னாலும் டீ ஆறும்வரைதான் கேட்பார்கள்.

முடி விஷயத்தை மட்டும் நான் ஒருநாளும் சிரித்துவிட்டுப் போனதில்லை. சின்ன வயதில் தோட்டத்து லய வீடுகளில் பேன் தொல்லை என்று டிரெசர் வந்தார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவரை அங்கே அப்படித்தான் சொல்வோம், உங்களுக்குத் தெரியும். பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து மொட்டையடித்துக்கொண்டு வந்தார். சேதி கேட்டு அப்பா மாட்டுக் கொட்டகையிலிருந்து சாணிக் கையோடு ஓடிவந்தார். சண்டை போடவில்லை. "இவன் தலைக்கு நான் பொறுப்பு" என்று டிரெசரிடம் சொல்லி, கையைக் கழுவிக்கொண்டு, அங்கேயே மண்ணில் உட்கார்ந்து, பொழுது சாயும்வரை என் முடியைச் சீவிச் சீவிப் பேன் எடுத்தார். அன்றைக்குப் பால் எல்லாம் திரிந்துபோனது. படைத்தவன் கொடுத்த உருவத்தைக் கொடுத்தபடி வைத்துக்கொள்வது, அவன் விருப்பத்துக்குத் தலைவணங்குவது, அவனோடு பேரம் பேசாமல் இருப்பது, இதுதான் எங்களுக்கு முடி. காய்ச்சல் போனால் இதைத் தருகிறேன், பிள்ளை பிறந்தால் அதைத் தருகிறேன் என்று கேட்கும் பழக்கம் எங்களிடம் கிடையாது.

இப்போது வயிறெரிந்து எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன். போன மழைக்காலத்தில் வரிச்சிக்குடியில் வயலுக்கு நடுவே ஒரு பம்ப் எஞ்சின் நின்றுபோய், அதைப் பிரித்துப் போட்டு வேலை பார்த்த இடத்தில் தாகத்துக்கு வாய்க்கால் தண்ணீரைக் குடித்தேன். விஷக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டது. நான் குடியிருப்பது ஆரோக்கியமேரி அக்கா வீட்டின் வெளி அறையில். அவர் புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து சைகோனில் இறந்தவர், அதனால் ஊரில் அதற்கு, சிப்பாய் வீடு என்ற பொருளில், சொல்தா வீடு என்று பெயர். ஒரே மகன் மிக்கேலும் அதே பட்டாளத்தில் சேர்ந்து இப்போது அல்ஜீரியாவில் இருக்கிறான். அக்காதான் என்னைப் பார்த்துக்கொண்டார். எத்தனை நாள் நினைவில்லாமல் கிடந்தேன் என்று எனக்குத் தெரியாது. கண் விழித்தபோது என் முடி எண்ணெய் தடவிச் சீவி, இரட்டைப் பின்னலாக இரண்டு தோளிலும் கிடந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அக்கா நெற்றியில் கைவைத்துப் பார்த்துவிட்டு, "மாதா கைவிடல. கஞ்சி குடிச்சுத் தெம்பு வரட்டும் தம்பி, வேளாங்கண்ணிக்குப் போயி முடியக் குடுத்துட்டு வந்துருவோம். உங்களுக்காக நேந்துக்கிட்டேன்" என்றார். சிரிப்பு நின்றுவிட்டது.

யாரைக் கேட்டு? எழுந்து உட்காரத் தெம்பில்லாதவன் எப்படிக் கத்தினேன் என்று எனக்கே தெரியவில்லை. பக்கத்து வீட்டார் எல்லோரும் வந்துவிட்டார்கள். வந்தவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் என்னிடம் சொன்னது ஒரே வார்த்தை. "முடிதானே தம்பி, வளரும்." முடிதானே! உயிர் பிழைத்தவனுக்கு இந்த நன்றிகூட இல்லையா என்று ஒருவர் என் முகத்துக்கு நேராகவே கேட்டார். சுல்தான் மரைக்காயர் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, "நிய்யத்து வச்சாச்சுல்ல தம்பி. நீங்க வைக்காட்டியும் உங்க பேருல வச்சாச்சு. ஹயாத்தோட எந்திரிச்சிட்டீங்க. குடுத்துட்டுப் போறது" என்றார். "மொதலாளி, ஒங்க உசுரு பொழைக்கணும்னு, நீங்க பன்னிக்கறி திங்கறதா நான் நேந்துக்கிட்டா திம்பீங்களா?" என்றேன். அவர் "தோபா தோபா" என்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "எனக்கும் அப்படித்தான்" என்றேன். நல்ல மனிதர், அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பழத்தை மட்டும் வைத்துவிட்டுப் போனார்.

அக்கா விடவில்லை. கஞ்சி கொண்டுவந்து வைக்கும்போதெல்லாம் வாசற்படியில் நின்று என்னைப் பார்ப்பார். கடைசியில் ஒருநாள் நானே ஆரம்பித்தேன். "என் தலை என்னுதுக்கா. அவங்கவங்க தலை அவங்கவங்களுக்கு. என்னையக் கேக்காம எப்புடி நேந்துக்கிட்டீங்க?"

"கேக்குற நெலமையிலயா கெடந்தீங்க? ஒங்க சாமிகிட்ட எப்புடிப் பேசணும்னு எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்ச சாமிகிட்ட, எனக்குத் தெரிஞ்ச மாதிரிக் கேட்டேன்."

"நான் குடுக்க மாட்டேன்."

"குடுக்கலேன்னா அது எங்க போயி விடியும்னு எனக்குல்ல தெரியும்? அங்க ஒருத்தன் துப்பாக்கியத் தூக்கிக்கிட்டு நிக்கிறான். மாதாவுக்குச் சொன்ன வார்த்தைய மீறிட்டு, எந்த மொகத்தோட அவனக் காப்பாத்துன்னு கேப்பேன்?" தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு கோபமாகவே சொன்னார்: "கம்பவுண்டரு கத்தரியோட வந்து நின்னாரு. சூடு தலைக்கேறுது, முடிய ஒட்ட வெட்டணும்னாரு. ஆளுங்க ஒங்களப் புடிச்சுக்கிட்டாங்க. மாதாவுக்கு நேந்த முடி, ஒரு பய தொடக்கூடாதுன்னு நாந்தான் குறுக்க விழுந்து மறிச்சேன். வேற என்ன சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டாங்க. இல்லாட்டி இன்னைக்கு நீங்க சண்ட போடுறதுக்கு முடி ஏது?"

இதைக் கேட்டதும் மனம் இளகிவிட்டது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். இளகவில்லை. எனக்கு இன்னும் ஆத்திரம்தான் வந்தது. அப்பா மண்ணில் உட்கார்ந்து காப்பாற்றிய முடியை இந்த அம்மாள் குறுக்கே விழுந்து காப்பாற்றியிருக்கிறார், அதுவும் அறுத்துக் கொடுப்பதற்காக. கும்பிடுவதா, திட்டுவதா? கம்பவுண்டரைத் திட்டலாம் என்றால் அவரும் என்னைப் பிழைக்கவைக்க வந்தவர். இந்த ஊரில் எனக்குத் தீங்கு செய்ய நினைத்தவர் ஒருவர்கூட இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எதிரியாக இருந்தால் எதிர்த்து நின்றிருப்பேன். எங்கள் ஆட்கள் முடியைக் கொடுக்க மறுத்து உயிரைக் கொடுத்த கதைகளைக் கேட்டு வளர்ந்தவன் நான். அன்பாகக் கஞ்சி ஊற்றிக்கொண்டே முடியைக் கேட்டால் என்ன செய்வது என்று அந்தக் கதைகளில் யாரும் சொல்லவில்லை. அன்றிரவு எங்கள் பிரார்த்தனையான அர்தாஸ் சொல்லி முடித்து, மிக்கேல் நல்லபடியாக இருக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டேன். அதை அக்காவிடம் போய்ச் சொல்லவும் செய்தேன். "சந்தோசம் தம்பி, ஆனா அது என் கடன அடைக்காது" என்று விளக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நான் திரும்ப மில்லுக்குப் போக ஆரம்பித்த பிறகு, ஒரு சனிக்கிழமை வேலை முடிந்து வந்தபோது வீடு பூட்டியிருந்தது. சாயங்காலம் நாகப்பட்டினம் பஸ்ஸிலிருந்து அக்கா இறங்கி வந்தார். முக்காடு போட்டிருந்தார். வீட்டுக்குள் வந்து முக்காட்டை எடுத்தார். மொட்டைத் தலை, அதில் காய்ந்துபோன சந்தனம். முற்றத்தில் உட்கார்ந்து உலர்த்தினால் தரையைத் தொடும் முடி அவருக்கு. நாற்பது வயது தாண்டியும் ஒரு நரை இல்லாதது. புருஷன் செத்தபோதுகூட அவர் தொடாத முடி.

"என்ன காரியம் பண்ணிட்டீங்க? யாரைக் கேட்டு இதைச் செஞ்சீங்க?" என்று மறுபடியும் கத்தினேன்.

"என் முடிக்கு நான் யாரக் கேக்கணும்?" என்றார் அக்கா. "அவங்கவங்க தலை அவங்கவங்களுக்குன்னு நீங்கதானே சொன்னீங்க." பிறகு அடுப்பைப் பற்றவைக்கப் போனார்.

மறுநாள் விடிவதற்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. என்னிடம் "முடிதானே, வளரும்" என்று சொன்ன அதே வாய்கள், "ஐயோ, பொம்பள முடியில்ல போச்சு, எவ்வளவு முடி!" என்று உச்சுக்கொட்டின. சிங்குக்காக சொல்தா பெண்டாட்டி மொட்டையடித்துக்கொண்டாள் என்று டீக்கடையில் ஒருவன் ஒரு மாதிரி இழுத்துச் சிரித்தான். கையிலிருந்த கிளாஸை வைத்துவிட்டு எழுந்து நின்றேன். அவன் என் இடுப்பைப் பார்த்தான். "பயப்படாதீங்க, இது ஒங்களுக்கு எடுக்கிறது இல்ல" என்றேன். "ஆனா எங்க அக்காவப் பத்தி இன்னொரு வார்த்தை பேசாதீங்க." என்னுடையது என்றால் வெறும் முடி, அவருடையது என்றால் ஐயோ முடியா? முடிக்கு அர்த்தம் உண்டு என்று உங்கள் எல்லோருக்கும் தெரிந்துதானே இருந்தது! தெரிந்துகொண்டே என்னிடம் மட்டும் வளரும் வளரும் என்றீர்களே. இந்தக் கோபம் எனக்கு இன்றுவரை அடங்கவில்லை, அடங்க வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. நான் வீடு திரும்பியபோது அக்கா பூசைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். புடவைத் தலைப்பைத் தலையில் போடுவதும், அது வழுக்கி விழுவதுமாக இருந்தது. "மொட்டத் தலையில நிக்க மாட்டேங்குது தம்பி. ஒங்க தலைப்பாத் துணி ஒன்னு குடுங்க, கட்டிக்கிட்டுப் போறேன்" என்றார், உப்பு கேட்பது மாதிரி. ஈப்போவிலிருந்து கொண்டுவந்த நீல மல் துணி ஒன்று கட்டாமல் பெட்டியில் இருந்தது. எடுத்து, நடுவில் கிழித்து, ஒரு பாதியை அவரிடம் கொடுத்தேன். மற்றப் பாதியை நான் கட்டிக்கொண்டேன். சின்னத் தலைப்பாகையாகத்தான் வந்தது. மாதா கோயில்வரை அவரோடு நடந்தேன்.

உள்ளே நான் போக முடியாது. அங்கே ஆண்கள் தலையில் துணி இருக்கக் கூடாது, பெண்கள் தலையில் துணி இல்லாமல் இருக்கக் கூடாது. நீலத் துணியில் ஒரு பாதி உள்ளே போய் முழங்கால் போட்டது. மறுபாதி வெளியே வெயிலில் நின்றது. கருக்களாச்சேரியிலிருந்து பூசைக்கு வந்த ஒருவர், நேரமாகிவிட்டதே என்று வேகமாகப் போகிறவர், என்னைப் பார்த்ததும் நின்று, நல்ல மனதோடு கேட்டார்: "எப்பங்க முடி குடுக்கப் போறீங்க?"

கதவு வழியாக உள்ளே பார்த்தேன்.

"குடுத்தாச்சுங்க" என்றேன்.