மண் வெடித்ததை யார் எழுதுவது

என் தங்கை வசிக்கும் ரப்பர் தோட்டத்துக்கென்று ஒரு வாட்சப் குழு இருக்கிறது. யார் வீட்டில் சாவு, எந்த லயத்து வரிசை வீடுகளுக்குத் தண்ணீர் வராது, டவுன் பஸ் ஓடுமா ஓடாதா, ஸ்டோர் பக்கம் சிறுத்தை வந்ததா என்பதெல்லாம் அதில்தான் தெரியவரும். தொடங்கியவள் தங்கை. தாய்மார் வேலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை என்பதால் எல்லா வீட்டு எண்களும் அவளிடம் இருந்தன. மழைக்காலத்தில் மண்சரிவு எச்சரிக்கை பெரும்பாலும் முதலில் சிங்களத்தில்தான் வரும். அதைத் தமிழில் எழுதிக் குழுவில் போடுகிறவளும் அவள்தான்.

இணையத்தில் பொய்யான கூற்றை வெளியிடுவது குற்றம் என்று புதிய சட்டம் வந்த பிறகு அந்தக் குழு பேச்சைக் குறைத்துக்கொண்டது. யாரும் மூடச் சொல்லவில்லை. முதலில் ஒழுகும் கூரைகளின் படங்கள் நின்றன. பிறகு சம்பளத்தைப் பற்றிய பேச்சு நின்றது. கடைசியில் காலை வணக்கமும் சாமி படமும் பைபிள் வசனமும் மட்டும் மிஞ்சின.

நான் கொழும்பில் ஒரு தமிழ் நாளிதழில் நீண்ட காலம் உதவி ஆசிரியனாக இருந்துவிட்டு, இப்போது எஹலியகொடையில் மொழிபெயர்ப்பு வேலை செய்து பிழைக்கிறேன். சட்டத்தை முழுவதுமாக வாசித்திருந்தேன். குழுவின் அட்மினைப் பிடித்து உள்ளே போடுவார்கள் என்று தோட்டத்தில் பேசிக்கொண்டார்கள். அப்படி நேராக ஒரு வரியும் என் கண்ணில் படவில்லை. ஆனால் ஒரு கூற்று பொய்யா உண்மையா என்று முடிவுசெய்யும் அதிகாரம் யாரிடம் இருக்கப்போகிறது என்ற பகுதியை இரண்டு முறை வாசித்தேன். இரண்டாவது முறை கதவைச் சாத்திவிட்டு வாசித்தேன்.

பக்கத்துத் தோட்டத்தில் ஒருவரைப் பொலிசுக்குக் கூப்பிட்டு விசாரித்தார்கள் என்றும் ஒரு பேச்சு இருந்தது. யாரை, எந்தப் பொலிசில், எதை எழுதியதற்காக என்று பழைய பழக்கத்தில் கேட்டுப் பார்த்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை. பத்திரிகைக்கு வந்திருந்தால் குப்பைக் கூடையில் போட்டிருப்பேன். தங்கைக்கு நடந்ததை அப்படித் தள்ள முடியவில்லை. ஒருநாள் காலை பெரட்டுக் களத்தில், வேலைக்கு ஆள் பிரித்துக்கொண்டிருந்தபோது, தோட்டத்து ஆபீஸ் ஆள் ஒருவர் சிரித்த முகத்தோடு கேட்டாராம்: “அந்த குரூப்புக்கு அட்மின் யாரு?” அவ்வளவுதான். எதற்கென்று சொல்லவில்லை. பிறகு திரும்பக் கேட்கவும் இல்லை. கேட்காமல் இருந்ததுதான் அவளைத் தூங்கவிடவில்லை.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே போயிருந்தேன். பல நாளாக விடாத மழை. மழையில் ரப்பர் பால் வெட்ட முடியாது என்பதால் தங்கையின் கணவர், என் மச்சான், வேலையில்லாமல் வீட்டு முன் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். தோட்டத் தலைவரும் வந்திருந்தார். தொழிற்சங்கத்தின் தோட்டக் கிளைக்கு அவர்தான் பொறுப்பு. தங்கை எல்லோருக்கும் பிளேன்டீ கொடுத்தாள். பேச்சு சட்டத்துக்கு வந்தது.

“தம்பி, பொய் சொல்றவனத்தானே புடிக்கிறாங்க. பொய் சொல்லாட்டி நமக்கு என்ன?” என்றார் தலைவர்.

“அப்ப தேர்தலுக்கு முந்தி நீங்க குரூப்ல போட்டதெல்லாம்?” என்றாள் தங்கை.

மச்சான் தேத்தண்ணீரைத் துப்பிவிடுவதுபோல் சிரித்தார். தலைவரும் சிரித்தார். “அது வாக்குறுதிம்மா. வாக்குறுதியப் பொய்யின்னு சொல்ல முடியாது. சட்டத்துலயே இல்ல, அண்ணங்கிட்ட கேட்டுப்பாரு.”

“நீங்க சிரிங்க தலைவரே,” என்றார் மச்சான். “இவ சிம் என் ஐடென்டிட்டி கார்டுல வாங்கினது. நாளைக்கு வந்தாங்கன்னா என் பேரத்தான் கேப்பாங்க. இவ பிள்ளைக் காம்பராவுல பால் கரைச்சுக்கிட்டு இருப்பா, நான் உள்ள களி தின்னுக்கிட்டு இருப்பேன்.”

“வாரத்துக்கு ஒருக்கா வந்து பாப்பேன்ல,” என்றாள் தங்கை.

சிரிப்பு அடங்கியதும் மச்சான் வேறு குரலில் பேசினார். யுத்த காலத்தில் அவருடைய அப்பா கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்தவர். ஒரு மாலை ரோட்டில் நிறுத்தி ஏற்றிக்கொண்டு போனார்கள். பல வாரம் கழித்து விட்டார்கள். ஏன் பிடித்தார்கள், ஏன் விட்டார்கள் என்று சாகும்வரை அவருக்குத் தெரியாது. “அப்பவும் சட்டம்னுதான் சொன்னாங்க, மச்சான். அந்தச் சட்டமும் நல்ல சிங்களத்துலதான் எழுதியிருந்திச்சு.”

அப்போது அதே லயத்தின் கடைசி வீட்டு அக்கா சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தார். விறகு பொறுக்க லயத்துக்கு மேலே உள்ள பழைய ரப்பர் மலைக்குப் போய் வந்தவர். இஸ்தோப்பில் ஏறாமல் வாசலிலேயே நின்று தங்கையிடம் மட்டும் சொல்வதுபோல் சொன்னார்.

“மேல மண்ணு வெடிச்சிருக்கு. நீட்டுக்குப் போகுது. என் கால் உள்ள போச்சு. ஊத்துத் தண்ணியும் சேறா வருது.”

மச்சானும் நானும் ஏறிப் பார்த்தோம். அக்கா சொன்னதில் மிகை எதுவும் இல்லை. வெடிப்பு சரிவுக்குக் குறுக்கே ஓடியது. கீழ்ப்பக்கத்து மண் ஒரு படிபோல இறங்கியிருந்தது. ஒரு ரப்பர் மரம் வேரோடு லயத்தின் பக்கம் சாய்ந்திருந்தது. அங்கிருந்து பார்த்தால் தகரக் கூரைகள் நேர் கீழே தெரிந்தன. நான் படமெடுக்கப் போனை எடுத்தேன். மச்சான் என் கையைப் பிடித்தார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. போனைப் பையில் போட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் தங்கை சொன்னாள்: “குரூப்ல போட்டுர்றேன். மேல் லயமும் கீழ் லயமும் உடனே ஸ்கூலுக்குப் போகச் சொல்லி.”

“என்னன்னு போடுவ?” என்றார் தலைவர்.

“மலை வெடிச்சிருக்குன்னு.”

“மலை வரும்னு உனக்குத் தெரியுமா?”

“வரலாம்ல.”

“வராட்டி? சனம் எல்லாம் பிள்ள குட்டியத் தூக்கிக்கிட்டு ஓடும். நாளைக்கு வேலைக்கு ஆள் வராது. மேனேஜர் தொரை கேப்பாரு, யாரு பொய்யச் சொல்லி ஆளக் கெளப்பினதுன்னு. ஆபீஸ்ல ஏற்கெனவே பேரு கேட்டாச்சு. அப்ப நான் வந்து என்னம்மா சொல்லட்டும்?”

தலைவர் கெட்டவர் இல்லை. அவருடைய மகள் கீழ் லயத்தில் இருந்தாள். அவர் பயந்தது மலைக்கா, மற்றதற்கா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

தங்கை என்னைப் பார்த்தாள். “நீங்க பேப்பர்ல இருந்தவங்கதானே அண்ணே. சட்டத்த வாசிச்சேன்னீங்க. புடிப்பாங்களா, புடிக்க மாட்டாங்களா?”

பிடிக்க வாய்ப்பில்லை என்றேன். உயிரைக் காப்பாற்ற நல்லெண்ணத்தில் சொன்னதைக் குற்றமென்று நிரூபிப்பது கஷ்டம் என்றேன். சொல்லும்போதே என் வாக்கியங்களில் எத்தனை ‘வாய்ப்பு’, எத்தனை ‘கஷ்டம்’ என்று எனக்குக் கேட்டது. மச்சானுக்கும் கேட்டது.

“நிரூபிக்கிறது கடைசியிலதானே மச்சான். அது வரைக்கும் எங்க இருப்போம்?”

கிராம சேவகருக்கு நான் போன் செய்தேன். மரியாதையாகப் பேசினார். அன்று அவர் பகுதியில் வேறு இடங்களிலும் மண் விழுந்திருந்தது. அதிகாரிகளுக்கு அறிவிப்பதாகவும், வந்து பார்க்க அடுத்த நாள் ஆகும் என்றும், பயமென்றால் ஸ்கூலுக்குப் போகச் சொல்லுங்கள் என்றும் சொன்னார். “பயவென்ட எப்பா, மாத்தயா,” என்றார், பயப்பட வேண்டாம் ஐயா என்று. வைக்கும்முன் இன்னொன்றும் சொன்னார்: வாட்சப்பில் எதையும் போட்டுச் சனத்தைக் குழப்பவேண்டாம். அக்கறையோடு சொன்னார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எல்லோருக்கும் அது கேட்டுவிட்டது.

மழை தகரத்தில் இன்னும் பலமாக விழுந்தது.

வழியைக் கண்டுபிடித்தவர் கடைசி வீட்டு அக்கா. “பூசையின்னு சொல்லுவோம்,” என்றார். “மழ நிக்கணும்னு பூசை. கோயில்தான் அங்கிட்டு மேட்டுல, ஸ்கூல் பக்கத்துல இருக்கே.”

“வேதக்காரங்க வரமாட்டாங்களே,” என்றாள் தங்கை. லயத்தில் கிறிஸ்தவக் குடும்பங்களும் உண்டு.

“அவங்களுக்கு ஸ்கூல்ல ஜெபம்னு சொல்லு.”

தங்கை குடையை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். எதிர்ப்பக்கத்தை அக்கா பார்த்துக்கொண்டார். ஒரு வீட்டில் பூசை, அடுத்த வீட்டில் ஜெபம். பூசாரி குடைக்குள் நின்று, “எனக்குத் தெரியாம என்ன பூசை?” என்று தலைவரிடம் கோபித்துக்கொண்டார். தலைவர் அவர் காதில் ஏதோ சொன்னார். பூசாரி திரும்பி மலையைப் பார்த்தார். பிறகு கோயில் மணியை விடாமல் அடித்தார்.

பொழுது சாய்வதற்குள் இரண்டு லயத்து ஆட்களும் மேட்டுக்கு வந்துவிட்டார்கள். பலர் துணி மூட்டையோடு வந்தார்கள். பூசைக்கு எதற்கு மூட்டை என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. கோழியைக் கூடையில் போட்டுக் கொண்டுவந்த ஒருவரைப் பார்த்து, “என்னய்யா, பலியா?” என்று ஒரு பெண் கேட்டதற்கு மட்டும் கொஞ்சம் சிரிப்பு வந்தது. வெடிப்பு என்ற சொல்லை அந்த இரவு முழுவதும் நான் எவர் வாயிலும் கேட்கவில்லை. என் வாயிலும்தான்.

மலை வரவில்லை.

காலையில் மழை விட்டிருந்தது. அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். வெடிப்பைத் தார்ப்பாயால் மூடச் சொன்னார்கள். மழை பலத்தால் லயத்தில் இருக்கவேண்டாம் என்றும், எழுத்தில் பிறகு வரும் என்றும் சொல்லிவிட்டு அடுத்த இடத்துக்குப் போனார்கள். சனம் மூட்டையோடு திரும்பி இறங்கியது. தலைவர் தங்கையிடம் வந்து நின்றார்.

“பாத்தியாம்மா. நேத்து நீ போட்டிருந்தா இன்னைக்கு அது பொய்.”

குத்திக்காட்டச் சொல்லவில்லை. அவளைக் காப்பாற்றிவிட்ட நிம்மதி அவர் முகத்தில் இருந்தது. நடக்காமல்போன ஆபத்தைச் சொன்னவர் பொய்யரா என்பதற்கு அந்தச் சட்டத்தில் நான் வாசித்த எந்த வரியும் உதவவில்லை.

மத்தியானத்துக்குப் பிறகு மறுபடி மழை பிடித்தது. முந்தின நாளைவிடக் கனமாக. மணி அடித்தது. கோயிலடிக்கு வந்தவர்கள் பாதிகூட இல்லை. நேற்று கும்பிட்டாயிற்று, மழையும் நின்றது, இன்றைக்கு எதற்கு என்று பலர் அடுப்பு மூட்டிவிட்டார்கள். வேறொரு சாமியைச் சொல்லலாமா என்று பூசாரி தலைவரிடம் கேட்டார். விளையாட்டாகக் கேட்கவில்லை.

தங்கை எழுந்தாள். “நான் போய் உள்ளத உள்ளபடி சொல்லப்போறேன்.”

“குரூப்லயா?” என்றார் மச்சான்.

“வாயால.”

“எவனாச்சும் போன்ல புடிச்சுப் போட்டா?”

அவள் யோசித்தாள். அந்தச் சில விநாடிகளில் அவள் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. பிறகு தன் போனை எடுத்து மச்சானின் கையில் கொடுத்தாள். “அப்ப இது எங்கிட்ட இருக்க வேணாம்.” குடையை விரித்துக்கொண்டு மலைக்குக் கீழே இருந்த லயங்களை நோக்கி இறங்கினாள். மழைத் திரை அவளை மூடியது. கூப்பிட்டுப் பார்க்க வழியில்லை. மச்சான் அந்தப் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு அதை என்னிடம் திணித்துவிட்டு அவரும் ஓடினார்.

இருவரும் திரும்பி வந்தார்கள். பின்னால் மிச்சக் குடும்பங்களும் ஏசிக்கொண்டே வந்தன. மலை அன்றும் வரவில்லை. இதுவரை வரவில்லை. எழுத்தில் வரும் என்று சொன்னதும் வரவில்லை. குழுவில் இப்போது அட்மின் மட்டுமே எழுத முடியும்படி அவள் மாற்றிவைத்திருக்கிறாள். அவளும் எழுதுவதில்லை.

எஹலியகொடையில் மழை கனத்தால் நான் அவள் எண்ணுக்கு அழைப்பேன். மச்சான் எடுப்பார்.

“கீழ் லயத்துக்குச் சொல்லப் போயிருக்கா, மச்சான்,” என்பார். “போன வச்சிட்டுப் போயிருக்கா.”