மே மாத மும்பையில் கடுங்குளிர் என்று நம்பிய கார்

போன மே மாதம், செம்பூரில் எங்கள் குடியிருப்பின் அடித்தள கார் நிறுத்தத்தில் நடந்தது இது. கீழ்வீட்டுப் பெண் வீட்டிலேயே கேக் செய்து விற்பவர், நாசரேத் பக்கத்துக்காரர். அதுவரை பிறந்தநாள் கேக்குகள்தான். முதன்முறையாக ஒரு கல்யாணத்துக்கு மூன்றடுக்கு கேக் கேட்டிருந்தார்கள். மாலை விக்ரோலியில் வரவேற்பு. காலையில் பார்த்தால் அவருடைய காரின் ஏ.சி.யில் காற்று மட்டும் வருகிறது, குளிர்ச்சி இல்லை. அந்த வெயிலில், வெண்ணெய்க் கிரீம் பூசிய கேக் பாதி வழியில் இருக்கும் காட்கோபரைக்கூடத் தாண்டாது. வாடகைக் காரிலோ பின்சீட்டை மடக்க விடமாட்டார்கள்.

தாராவியிலிருந்து மெக்கானிக் வந்தார். திருநெல்வேலிக்காரர், கெட்டிக்காரர். ஏ.சி. பேனலில் இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினார். கார் தன் நோயைத் தானே எண்களில் சொல்லும் வசதி அது. இரண்டு எண்கள் வந்தன. ஒன்று, வெளிவெப்பத்தை அளக்கும் சென்சார் கோளாறு. இன்னொன்று, வெயிலை அளக்கும் சென்சார் கோளாறு.

"ரெண்டு சென்சாரும் ஒண்ணாவா போகும்? உள்ள இருக்க கம்ப்யூட்டர்தான் காலி. புதுசு புனேல இருந்து வரணும்க்கா. நாலு நாள் ஆகும்."

"நாலு நாள் கழிச்சுன்னா, அவங்க ஹனிமூன் போன எடத்துலதான் கொண்டுபோய் வெட்டணும்" என்றார் அந்தப் பெண்.

யாரும் அழைக்காமலே நான் அங்கே நின்றிருந்தேன். ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேலை? என்னிடமும் அதே மாடல் கார்தான். அதன் பழுதுபார்ப்புக் கையேட்டை முழுதாகப் படித்தவன் அந்தக் கட்டடத்தில் நான் ஒருவன்தான், போட்டிக்கும் ஆளில்லை. மெக்கானிக் யோசித்த விதம் சரி, யோசித்த இடம்தான் தப்பு என்றேன். பாதாளத்தில் நிறுத்திவைத்து வெயில் எங்கே என்று கேட்டால், கார் பாவம், கோளாறு என்றுதான் சொல்லும். இந்தச் சோதனையை வெயிலில் செய்ய வேண்டும்.

காரை மேலே கொண்டுவந்தோம். பொத்தான்களை மறுபடி அழுத்தினார். ஒரே ஒரு எண்.

"கம்ப்யூட்டர் பொழச்சிருச்சு" என்றார் மெக்கானிக்.

மிஞ்சியது வெளிவெப்ப சென்சார். அது முன்பம்பருக்குப் பின்னால் இருப்பது. பம்பரைச் சமீபத்தில் கழற்றினீர்களா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். எங்கோ இடித்ததால் போன வாரம்தான் கழற்றிப் பெயின்ட் அடிக்கக் கொடுத்தாராம், நேற்றிரவுதான் கார் திரும்பி வந்ததாம். மெக்கானிக் தரையில் படுத்து டார்ச் அடித்தார். சென்சாரின் பிளக் மாட்டப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தது. பிளக் இல்லாவிட்டால் வெளியே உறைகுளிர் என்றே கார் எடுத்துக்கொள்ளும், குளிரில் ஏ.சி.யின் கம்ப்ரசரை ஓட்டாது. மும்பைக்குக் கடுங்குளிர் வந்துவிட்டதாக முடிவுகட்டி, கம்ப்ரசரை ஓடவிடாமல் கார் பத்திரமாகக் காத்திருக்கிறது!

பிளக்கை மாட்டியதும் ஜில்லென்று வந்தது. அந்தப் பெண் கேக் வேலைக்கு வீட்டுக்குள் ஓடப் பார்த்தார். பழைய எண்ணை அழித்துவிட்டு இன்னொரு முறை சோதிக்கும் வரை நான் விடவில்லை.

"ஒங்களுக்குக் கீழ வேல பாத்தவங்கள நெனச்சேன் சார், பாவம்" என்றார் மெக்கானிக். அன்று காலையிலிருந்து அந்தப் பெண் முதன்முறையாகச் சிரித்தார்.

கோளாறு எதுவும் இல்லை என்று பேனல் சொன்னது.

மாலையில் ஏ.சி.யை முழுவதும் திருகிவைத்து, கேக்கை ஏற்றினார். முன்சீட்டில் குளிருக்குக் காதைப் பொத்திக்கொண்டு நானும் விக்ரோலி வரை போனேன். மேடையில் இறக்கியபோது ஒரு கிரீம் ரோஜாகூட நழுவியிருக்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மா அடுத்த மாதக் கல்யாணம் ஒன்றின் கேக்குக்கு அங்கேயே பேச ஆரம்பித்துவிட்டார்.

முறைப்படி செய்வோம் என்று சொல்லியே வாழ்நாள் முழுக்க எல்லோரையும் சலிப்படைய வைத்தவன் நான். அந்த முறை ஒருவருடைய நல்ல நாளை நிமிர்ந்து நிற்க வைப்பதைக் கண்ணால் பார்த்தபின், இன்னும் கொஞ்சம் சலிப்படைய வைத்தாலும் தப்பில்லை என்றே தோன்றுகிறது.